வெள்ளிக்கிழமை போன்

லிஃப்ட் பழுதுபார்க்கும் அந்தக் கம்பெனியில் வெள்ளிக்கிழமை ஒரு மணிக்கு வேலை முடியும். இது சட்டம். வழக்கம் வேறு. பதினோரு மணிக்கு மேல் எந்த மெக்கானிக்கும் புதிதாக ஒரு ஸ்க்ரூவைத் தொடமாட்டான். தொட்டதையும் பன்னிரண்டுக்கு அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பிவிடுவான், மிச்சத்தைத் திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று. ஆபீசில் இருப்பவர்கள் இன்னும் சாமர்த்தியசாலிகள். கணக்குப் பிரிவுக்காரர் மேஜைமேல் மூக்குக்கண்ணாடியை விரித்து வைத்துவிட்டுக் கம்பி நீட்டுவார். வீட்டில் இன்னொரு கண்ணாடி இருந்தது. ஸ்டோர்காரர் காலி நாற்காலிக்கு ஃபேனை ஓடவிட்டுப் போவார். மேனேஜர் தன் கோட்டை நாற்காலி முதுகில் மாட்டிவிட்டுப் போவார். வெள்ளிக்கிழமைகளில் அந்தக் கோட்டு பார்த்த வேலையை மற்ற நாட்களில் மேனேஜர்கூடப் பார்த்திருக்க மாட்டார்.

இவ்வளவு நாடகமும் எதற்கு? அரை நாள்தான் என்று வாடிக்கையாளர்களுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் போட்டிக் கம்பெனிக்குப் போய்விடுவார்களாம். ஆகவே சாயங்காலம் ஐந்து மணி வரை யாராவது ஒருத்தர் போனை எடுத்து, எல்லாரும் இருக்கிற மாதிரியே பேச வேண்டும். அந்த யாராவது ஒருத்தர் எப்போதும் போனக்காதான்.

ஆபீசில் அவளை எல்லாரும் போனக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். நாற்பது தாண்டிவிட்டது, கல்யாணம் ஆகவில்லை, தம்பி வீட்டில் மாடியறையில் வாசம். "உனக்கென்னம்மா, புருஷனா, புள்ளையா? இங்க உட்கார்ந்தா என்ன, அங்க உட்கார்ந்தா என்ன?" என்று முதல் வருஷம் மேனேஜர் சிரித்துக்கொண்டே சொன்னார். மற்றவர்களும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்து வைத்தாள். அந்தச் சிரிப்பு அவளுக்கு எத்தனையோ வெள்ளிக்கிழமைகளைத் தின்றுவிட்டது. வயிற்றெரிச்சல் இல்லாமலா இருக்கும்? பன்னிரண்டு மணிக்கு ஒவ்வொருத்தராகப் பையைத் தூக்கும்போது, போறவன் காலில் செருப்பு அறுந்து போகட்டும் என்று மனதுக்குள் ஒரு தரமாவது நினைத்துக்கொள்வாள்.

ஆனால் வேலை என்று உட்கார்ந்துவிட்டால் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. "மேனேஜர் இப்பதான் மீட்டிங்குக்குள்ள போனாரு." "மெக்கானிக் கிளம்பிட்டாரு, வழியில இருக்காரு." "கணக்குக்காரர் கண்ணாடியைக்கூட எடுக்காம பக்கத்து ரூமுக்குப் போயிருக்காரு பாருங்க." இந்தக் கடைசி வரியை அவள் மிகவும் ரசித்துச் சொல்வாள், ஏனென்றால் அதில் பாதி உண்மை. லிஃப்டில் ஆள் மாட்டிக்கொண்ட போன் வந்தால் மட்டும் விளையாட்டு கிடையாது. டூட்டி மெக்கானிக்கை வீட்டிலிருந்து கிளப்பி அனுப்பிவிட்டுத்தான் மறுவேலை.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை, எட்டு மாடிக் கட்டடம் ஒன்றைப் பார்த்துக்கொள்ளும் மனிதர் போன் செய்தார். கதவு சரியாகச் சாத்தவில்லை என்றார். அக்கா வழக்கம்போல மெக்கானிக் வழியில் இருப்பதாகச் சொன்னாள். அந்தப் பக்கத்துக் குரல் தாழ்ந்தது.

"கோவிச்சுக்காதீங்க. உண்மையிலேயே அங்க யாராவது இருக்காங்களா?"

இப்படி ஒருத்தரும் அவளைக் கேட்டதில்லை. அக்காவுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "நான் இருக்கேன்" என்றாள்.

அதற்கப்புறம் எட்டுமாடிக்காரர் ஒரு வெள்ளிக்கிழமையும் தவறவில்லை. ஆபீஸ் போனில் சும்மா பேசினால் கேள்வி வரும், புகார் என்றால் வராது. அதனால் வாராவாரம் ஒரு புகாரைப் புளுகுவார். லிஃப்ட் மூன்றாவது மாடியில் இருமுகிறது என்பார். இறங்கும்போது பெருமூச்சு விடுகிறது என்பார். அக்காவும் சிரிக்காமல் எழுதிக்கொள்வாள், திங்கட்கிழமை தானாகச் சரியாகிவிட்டது என்று பக்கத்தில் குறித்துவிடுவாள். அப்புறம் பேச்சு எங்கெங்கோ போகும். மனைவி இறந்துபோனதை, தனியாகச் சமைத்துச் சாப்பிடுவதை, கட்டடத்தில் வாடகைக்கு இருக்கும் ஆபீசுகளின் அற்ப சண்டைகளை அவர் சொல்வார். தம்பி மனைவி தன் சோப்பில் மட்டும் அடையாளம் வைத்திருப்பதை அக்கா சொல்வாள். ஆறு வருஷத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை.

போன வாரம் அவர் புகாரே சொல்லவில்லை. "அடுத்த வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு, எங்க பில்டிங்குக்கு எதிர்ல டீக்கடை இருக்கு. வர முடியுமா? ஒண்ணு பேசணும்" என்றார்.  வருகிறேன் என்று சொல்லிவிட்டு அக்கா ரிசீவரை வைத்தாள். அவர் என்ன பேசப் போகிறார் என்று அவளுக்குத் தெரியும். தெரியாத மாதிரி நடிக்கிற வயசெல்லாம் தாண்டிவிட்டது. அவளுக்கு அந்த மனிதர் வேண்டும். இதில் மழுப்ப என்ன இருக்கிறது?

வியாழக்கிழமை ஆபீஸ் பூட்டுகிற நேரத்தில் மேனேஜரிடம் போய் நின்றாள். "நாளைக்கு ரெண்டு மணிக்குக் கிளம்பணும் சார். சொந்த வேலை."

"உனக்கென்னம்மா சொந்த வேலை?" என்றார் மேனேஜர், நிஜமாகவே ஆச்சரியப்பட்டு. "நாளைக்கு நான் வேற வெளில போகணும். அந்த எட்டு மாடி பில்டிங் இருக்கே, வாராவாரம் அதே லிஃப்ட், புதுசு புதுசாப் புகார். ஏன்னு நேர்ல போய்ப் பார்த்து எழுதுன்னு தலைமை ஆபீஸ் உசிரை எடுக்கறான். காலைல மெக்கானிக்கை அனுப்பி மொத்தமாக் கழட்டிப் பார்க்கச் சொல்லியிருக்கேன். நீ போனைப் பாரு."

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. குட்டு வெளிப்பட்டால் அந்த மனிதரின் வேலை போகும். அன்று ராத்திரி அவருக்குச் சொல்லவும் வழியில்லை. அவர் கட்டடத்து நம்பர் ஆபீசில்தான் இருந்தது. 

வெள்ளிக்கிழமை, பீரோவுக்குள் கிடந்த நீல உடையைப் போட்டுக்கொண்டு படியிறங்கியபோது தம்பி மனைவி தட்டைக் கழுவிக்கொண்டே, "என்ன அண்ணி, ஆபீஸ்ல போட்டோ எடுக்கறாங்களா?" என்றாள். "ஆமா, சுவர்ல மாட்டறதுக்கு" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு அக்கா நடையைக் கட்டினாள். போகக் கூடாது என்றால் போகாமல் இருந்துவிடுவாளா என்ன? போன் அடித்தால் அடிக்கட்டும், நாசமாய்ப் போகட்டும் என்று வழியிலேயே முடிவு செய்துவிட்டாள்.

ஆபீஸ் போனதும் அவர் நம்பரை அடித்துப் பார்த்தாள், எடுக்கவில்லை. ரெண்டு மணிக்குப் பையைத் தோளில் மாட்டினாள். அப்போது பார்த்துப் போன் அடித்தது. பழக்கதோஷம், கை தானாகப் போய் எடுத்துவிட்டது. கரகரவென்று ஏதோ கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒரு குரல்.

"ஹலோ! மேனேஜர்..."

"மேனேஜர் இப்பதான் மீட்டிங்குக்குள்ள போனாரு" என்றாள் அக்கா, மூச்சு விடாமல்.

"நான்தான்மா மேனேஜர் பேசறேன்! லிஃப்டுக்குள்ள மாட்டிக்கிட்டேன்! எட்டு மாடி பில்டிங்! அவசரத்துக்கு வெச்ச சிவப்பு பட்டனை அமுக்கித்தான் பேசறேன்! ஒருத்தனையும் காணோம் இங்க!"

எப்படி இருப்பார்கள்? மேலேயிருந்த ஆபீசுகளுக்கும் வெள்ளிக்கிழமை அரை நாள்தான். எட்டுமாடிக்காரர் மூணு மணிக்காகச் சவரம் செய்துகொள்ளப் போயிருந்தார்.

அக்கா பையை மேஜைமேல் போட்டாள். அப்புறம் டூட்டி மெக்கானிக் வீட்டுக்கு அடித்தாள். காலையில் அந்த லிஃப்டைக் கழட்டப் போனவனும் அவன்தான். மனைவி எடுத்தாள்.

"அவரு சைட்ல இருக்காருக்கா. இப்பதான் மேல மெஷின் ரூமுக்குப் போனாராம்."

பின்னால் மெக்கானிக்கின் குறட்டை நன்றாகவே கேட்டது.

"தங்கச்சி, இந்தப் புளுகுக்கெல்லாம் நான்தான் வாத்தியார். எங்கிட்டயேவா? உன் புருஷனை எழுப்பு. மேனேஜர் எட்டு மாடி லிஃப்ட்ல தொங்கறாரு."

குறட்டை நின்றது. "ஐயையோ!" என்று மெக்கானிக்கின் குரல் பாய்ந்து வந்தது. "அதைப் பாதில விட்டுட்டு வந்துட்டேனேக்கா! ஒரு கோளாறும் இல்லாம நல்லா ஓடிக்கிட்டிருந்துச்சு. இருந்தாலும் கழட்டச் சொன்னாரேன்னு கழட்டினேன், அதுக்குள்ள மணி பன்னெண்டு. இயங்காதுன்னு போர்டு மாட்டினேனே!"

"போர்டுன்னா மேனேஜருக்கு இல்லன்னு நினைச்சிருப்பாரு. ஓடு!"

ஆள் அனுப்பியாகிவிட்டது. இனி வழக்கப்படி அவள் அங்கேயே உட்கார்ந்து, என்னாச்சு என்று விசாரித்துக்கொண்டு, ஐந்து மணி வரை நகத்தைக் கடிக்க வேண்டும். அவள் விளக்கை அணைத்தாள், ஓடிக்கொண்டிருந்த ஃபேனையும் அணைத்தாள், கதவைப் பூட்டிக்கொண்டு பஸ் பிடித்தாள். வேலை போனால் போகட்டும், அந்த மனிதரைத் தனியாக மாட்ட விடக் கூடாது என்பதுதான் வழியெல்லாம் நினைப்பு.

கட்டடத்துக்குள் அவள் நுழைந்தபோது, லிஃப்ட் வாசலில் மழுங்கச் சிரைத்த முகத்தோடு ஒரு மனிதர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். குரலை வைத்து அவள் கற்பனை செய்ததைவிட ஒரு சாண் குள்ளம். சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது. இவர்தான் என்று பார்த்தவுடனே தெரிந்தது. அவருக்கும் தெரிந்துவிட்டது.  அதற்குள் மேலே மெக்கானிக் எதையோ முடுக்க, லிஃப்ட் முனகிக்கொண்டே இறங்கிக் கதவு திறந்தது.

மேனேஜர் வேர்த்து விறுவிறுத்து வெளியே வந்தார். முதலில் அவர் கண்ணில் பட்டது நீல உடை.

"நீ எங்கம்மா இங்க? போனை யாரு பார்க்கறா?"

"யாரும் பார்க்கல சார்."

அவருக்கு வந்த கோபத்தில் பாதியை எட்டுமாடிக்காரர் பக்கம் திருப்பினார். "நீதானேய்யா வாராவாரம் போன் பண்றது? இருமுது, பெருமூச்சு விடுதுன்னு! என்னய்யா கோளாறு இதுல?"

"அது வந்து சார்... மூணாவது மாடில..." மனிதர் மேலே கையைக் காட்டினார்.

படியிறங்கி வந்த மெக்கானிக் குறுக்கே புகுந்தான். "இதுல ஒண்ணும் கிடையாது சார். தங்கமான லிஃப்ட். நான் கைவைக்கிற வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு."

"அப்ப எதுக்குய்யா புகார் கொடுத்தே? உன் முதலாளிகிட்டச் சொல்லி இன்னைக்கே உன்னை..."

"என்கிட்ட பேசறதுக்கு சார்" என்றாள் அக்கா.

மேனேஜர் திரும்பினார். மெக்கானிக் வாயைப் பிளந்தான்.

"ஆறு வருஷமா என்கிட்ட பேசறதுக்குத்தான் போன் பண்ணினாரு. நானும் அதுக்காகத்தான் காத்துக்கிட்டிருந்தேன். புகாரை எழுதினது நான். திட்டணும்னா என்னைத் திட்டுங்க."

"ஆபீஸ் போன்லயா?"

"பின்ன எங்க பேசறது? உங்களுக்கெல்லாம் ஒரு மணிக்கு வெள்ளிக்கிழமை முடிஞ்சிடுது. எனக்கு அந்த போனைத் தவிர என்ன கொடுத்தீங்க?" அவள் நிறுத்தவில்லை. "தலைமை ஆபீசுக்கு எழுதுங்க. தாராளமா எழுதுங்க. பன்னெண்டு மணிக்கு மெக்கானிக் ஏன் வீட்டுக்குப் போனான்னு கேப்பாங்க. அதையும் எழுதுங்க. உங்க நாற்காலில யாரு உட்கார்ந்திருந்தாங்கன்னு கேட்டா கோட்டுன்னு எழுதுங்க."

மெக்கானிக் இருமுவதுபோல் சிரிப்பை அடக்கினான். மேனேஜர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். துடைத்து முடிக்கும்போது முக்கால்வாசி காற்று இறங்கியிருந்தது.

"பழைய லிஃப்ட், சரி பண்ணியாச்சுன்னு எழுதிடறேன்" என்று தரையைப் பார்த்துச் சொன்னார். "ஆனா அஞ்சு மணி வரைக்கும் போன்..."

அக்கா ஆபீஸ் சாவியைப் பையிலிருந்து எடுத்து அவர் கையில் வைத்தாள். மேனேஜர் அதைப் பார்த்தார், மெக்கானிக்கைப் பார்த்தார். மெக்கானிக் திடீரென்று ஸ்க்ரூ தேடக் குனிந்துவிட்டான். வேறு வழியில்லாமல் மேனேஜர் வெயிலில் இறங்கி நடந்தார்.

டீக்கடையில் இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.  அவர் டீயை ஆற்றினார், ஆற்றிக்கொண்டே இருந்தார். அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது.

"ஒண்ணு பேசணும்னு சொன்னீங்களே. ஆறு வருஷமா எதுக்கு இழுத்தீங்க?"

அவர் டம்ளரை வைத்தார். "பயம்தாங்க. கேட்டு, நீங்க இல்லன்னுட்டா, அப்புறம் வெள்ளிக்கிழமை போன் பண்ண முடியாதே. அது ஒண்ணுதான் எனக்கு இருந்துச்சு. அதையும் விட்டுட்டு என்ன பண்ணுவேன்?"

அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளவில்லை. "அட மனுஷா! அதே பயத்துலதான் நானும் வாயைத் தொறக்காம இருந்தேன். இப்படி ரெண்டு பேரும் ஆறு வருஷத்தை வீணாக்கியிருக்கோமே, நமக்கு அறிவிருக்கா? இப்பக் கேளுங்க. முகத்தைப் பார்த்துக் கேளுங்க."

அவர் மாறிப்போன பொத்தானைச் சரியாகப் போட்டுக்கொண்டு, முகத்தைப் பார்த்துக் கேட்டார். அவர் கேட்டு முடிப்பதற்குள் அக்கா சரியென்று சொல்லிவிட்டாள். ஆறிப்போன டம்ளர்களை எடுக்க வந்த டீக்காரர், இன்னும் ரெண்டு போடட்டுமா என்று கேட்டார். அதற்கும் சரியென்றாள்.