சுண்ணாம்புக்கு முன்னே ஒரு கிளி

அர்ச்சனை முடிந்து வெறும் எவர்சில்வர் தட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு திரும்பினேன், அவ்வளவுதான். கிழக்கு வாசல் வழியாக வந்த காலை வெயில் தட்டில் பட்டு எகிறி மண்டபத்து உச்சிக்குப் போனது. அங்கே ஒரு பச்சைக் கிளி.

நினைவு தெரிந்த நாளிலிருந்து அந்தக் கோயிலுக்குப் போய் வருகிறேன். மண்டபத்துக்கு மேலே கருப்பைத் தவிர வேறொன்று உண்டு என்று எனக்குத் தெரியாது. எந்தக் காலத்து விளக்குப் புகையோ, அப்படி அப்பிக் கிடந்தது. தட்டைக் கொஞ்சம் சாய்த்தேன். வெளிச்சம் நகர்ந்தது. கிளிக்குப் பக்கத்தில் தாமரை இதழ். அதற்கப்பால் சலங்கை கட்டிய ஒரு கால். காலுக்கு உரியவளைத் தேடுவதற்குள் அம்மா முதுகில் ஒரு குத்து வைத்தாள்.

"சாமிக்கு முதுக காட்டிக்கினு இன்னாடி வேடிக்க? நட!"

நடந்தேன். தலை மட்டும் மண்டபத்திலேயே நின்றுவிட்டது. அந்த மேல்தளம் முழுவதையும் படம் பிடித்தாக வேண்டும். வீடு வந்து சேர்வதற்குள் அது முடிவாகிவிட்டது.

பட்டாளத்தில் இருக்கும் அண்ணன் லீவில் வந்தபோது விட்டுப்போன பெட்டிக் கேமரா என்னிடம் இருந்தது. அதுவரை அதில் எங்கள் கன்றுக்குட்டியையும், சித்தியின் குழந்தையையும், குழந்தை தவழ்ந்து போன பிறகு வெறும் பாயையும் எடுத்திருந்தேன். டீச்சர் ட்ரெயினிங் முடித்துவிட்டு வேலை உத்தரவுக்காகக் காத்திருந்த சமயம். காத்திருப்பது எனக்கு வராது. தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் வாசலுக்கு ஓடுவேன், கேட்காவிட்டால் கொல்லைக்கு ஓடுவேன். இப்போது ஓடுவதற்கு ஓர் இடம் கிடைத்தது.

முதலில் தர்மகர்த்தாவிடம் ஓடினேன். மானாம்பதியில் வீடும் நிலபுலனும் உள்ளவர், ஊர் முறையில் எனக்கு மாமா. பல வருஷமாகக் கழுத்துப் பிடிப்பு, நிமிர்ந்து பார்க்க முடியாது. குனிந்தபடியே நெல் அம்பாரத்தைச் சுற்றி வந்துகொண்டிருந்தார்.

"மாமா, நம்ம கோயில் மண்டபத்து மேல சித்திரம் கீது!"

"இருந்துட்டுப் போவட்டும். கும்பாபிஷேகம் வருதில்ல, உள்ள வெளிய எல்லாம் சுண்ணாம்பு அடிக்க ஆளு பேசியாச்சு. ஒரே கரி, வவ்வாலு நாத்தம்."

"சித்திரத்து மேலயா அடிப்பாங்க?"

"நானு தரையப் பாத்து நடக்கறவன் பாப்பா. மேல இன்னா கீதுன்னு இன்னாத்த கண்டேன்? திருப்பணிக் கமிட்டி எங்க வூட்லதான் கூடுது. படம் புடிச்சி எத்தாந்து அவங்க கண்ணுல காட்டு. அவங்க வாணாம்னா சுண்ணாம்ப நிறுத்திப்புடறேன். ஆனா ஒண்ணு, காலையில கூட்டத்துக்குக் குறுக்க நிக்கக் கூடாது. சாயங்காலம் நட தொறந்து வெளக்கேத்தறதுக்குள்ள எடுத்துக்கோ."

சாயங்காலம்! கிழக்குப் பார்த்த கோயில். சாயங்காலம் வெயில் கோயிலுக்குப் பின்னால் போய்விடும், மண்டபம் குகை மாதிரி இருக்கும். வரும் வழியெல்லாம் யோசித்தேன். தட்டு செய்ததைக் கண்ணாடி செய்யாதா? கோயிலுக்கு மொட்டைக் கோபுரம்தான். மேற்கே சாயும் வெயில் அதைத் தாண்டி எதிர்த் தெருவில் விழும். தெருவில் ஒருத்தி பெரிய கண்ணாடியைப் பிடித்தால் வெளிச்சம் வாசல் வழியாக உள்ளே வரும். உள்ளே இன்னொரு கண்ணாடி அதை வாங்கி மேலே அனுப்பும்.

தெருவில் நிற்க ஆள் இருந்தாள். என்னோடு ட்ரெயினிங் படித்தவள், பெருநகர்க்காரி. சர்ச்சுக்குப் போகும் குடும்பம். அப்பாவும் அண்ணனும் கூலி வேலைக்குப் போகிறவர்கள். சலூன்கடைக்காரரிடம் கெஞ்சி வாங்கிய ஆளுயரக் கண்ணாடியை நாங்கள் இருவரும் தெருவழியே தூக்கிவந்தபோது, எதிரே வந்த மாடு ஒன்று அதில் தன்னையே பார்த்து மிரண்டு வண்டியைப் பள்ளத்தில் இறக்கிவிட்டது. வண்டிக்காரர் திட்டிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது.

கோயில் வாசலில் அவள் நின்றுவிட்டாள்.

"உள்ள வந்து ஒரு தபா கிளியப் பாத்துட்டுப் போயேண்டி."

"வாணாம். நானு இங்கியே நிக்கறேன். வெளிச்சம் உள்ள போனா போதாதா?"

அவளை வராதே என்று யாரும் சொன்னதில்லை. வா என்றும் யாரும் சொன்னதில்லை. அன்று எனக்கு இருந்த அவசரத்தில் நானும் மேற்கொண்டு கேட்கவில்லை.

உள்ளே எங்கள் வீட்டுக் கண்ணாடியைத் தூணடியில் செங்கல் வைத்துச் சாய்த்தேன். கேமராவை மல்லாத்தி வைக்க வேண்டும், அசையவும் கூடாது. அதற்கு ஒரு யோசனை வைத்திருந்தேன். அதே எவர்சில்வர் தட்டில் பச்சரிசியைக் குவித்து, நடுவில் குழி பறித்து, கேமராவை வானம் பார்க்க உட்கார வைத்தேன். சிக்கென்று நின்றது. சரியாகப் பார்க்கிறதா என்று அறிய நானும் பக்கத்தில் மல்லாந்து படுத்தேன்.

"கால மடக்கு! கால மடக்கு!" கோயில் காவல்காரர் ஓடிவந்தார். "சாமி பக்கம் கால நீட்டிக்கினு! டீச்சருக்குப் படிச்ச பொண்ணா நீ?"

புரண்டு சுற்றித் தலையைச் சந்நிதிப் பக்கம் வைத்துக்கொண்டேன். அவர் சமாதானமாகி, அரிசித் தட்டையும் அதன் நடுவில் வீற்றிருந்த கருப்புப் பெட்டியையும் வெகுநேரம் பார்த்தார். கைகூடக் குவித்தார் என்று நினைக்கிறேன். பிறகு எங்கேயோ போனார். நான் கவனிக்கவில்லை. ஏனென்றால் அப்போது தெருவிலிருந்து வெளிச்சம் வந்துவிட்டது.

வாசற்படியில் தடுமாறி, தூணில் ஏறி, கண்ணாடியில் விழுந்து, மேலே பாய்ந்தது. தாமரை முழுதாக விரிந்தது. அதைச் சுற்றிக் கிளிகள், ஒன்றுக்கொன்று வால் பின்னிக்கொண்டு. சலங்கைக் காலுக்கு உரியவளும் கிடைத்தாள். இடுப்பில் கையூன்றி, யாரையோ கேலி பண்ணுகிற முகம். என் நெஞ்சு அடித்துக்கொண்டதில் கேமரா ஆடிவிடுமோ என்று பயந்து தள்ளி உட்கார்ந்து, ஷட்டரைத் திறந்து மூச்சைப் பிடித்தேன்.

கும்மென்று வாசனை வந்தது.

காவல்காரர் தூபக்காலோடு என் முதுகுக்குப் பின்னால் நின்றார். கங்கின்மேல் சாம்பிராணியைக் கைநிறைய அள்ளிப் போட்டு ஊதிக்கொண்டிருந்தார். மண்டபம் முழுக்க மேகம்.

"அய்யோ, இன்னாண்ணே இது!"

"இன்னா கொற வச்சேன் பாப்பா? அரிசி பரப்பி எழுந்தருளப் பண்ணிக்கீற. தூபங் காட்டாம வுடலாமா? முற இல்ல?"

அரிசி பரப்பியது நான்தானே. புகை கலைவதற்குள் தென்னந்தோப்புக்குப் பின்னால் சூரியன் இறங்கிவிட்டது.

மறுநாளே பஸ் பிடித்துக் காஞ்சிபுரத்தில் ஸ்டூடியோவில் கழுவக் கொடுத்தேன். படம் கைக்கு வந்தபோது மேல்தளத்தைக் காணோம். தரையிலிருந்து உச்சி வரைக்கும் வெள்ளை வெளேரென்று ஒரு வெளிச்சத் தூண். புகையில் வெயில் போன பாதை அப்படியே பதிந்திருந்தது. அதன் நுனியில், உற்றுப் பார்த்தால், ஒரே ஒரு கிளியின் வால்.

வேறு படம் எடுக்க நேரமில்லை, அன்றைக்கே கமிட்டி. வாலையாவது காட்டலாம் என்று மானாம்பதிக்குப் போனேன். படம் கை மாறிற்று. பிறகு ஒரு பெரியவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"ஜோதி! சாமி ஜோதியா நிக்கிறாருடா!"

"இல்லீங்க, அது சாம்பிராணிப் புகை. இங்க பாருங்க, இந்த மூலையில கிளி வாலு…"

"வாலு கெடக்கட்டும் வுடும்மா. இத்தினி வருசமா நம்ம கண்ணுக்குக் காட்டாதத ஒரு பொண்ணுக்குக் காட்டிக்கீறாரு பாரேன்!"

மாமா படத்தை மடியில் வைத்துக் குனிந்து பார்த்தார். அவருக்கு வசதியாக இருந்தது. "கும்பாபிஷேகப் பத்திரிகையிலயே போட்டுடலாம்" என்றார். பிறகு, "ஜோதி எறங்கின எடத்த கரியும் ஒட்டடையுமா வெக்கறது தப்பு. மதில அப்பறம் பாத்துக்கலாம். மண்டபத்துலதான் மொதல்ல சுண்ணாம்பு. நாளைக்குக் காலையில நானே வந்து தேங்கா ஒடச்சி ஆரம்பிச்சி வெக்கறேன்."

நான் காப்பாற்றப் போன மேல்தளம், என் படத்தாலேயே, வரிசையில் முதலிடத்துக்கு வந்துவிட்டது. மறுபடி மறுபடி புகை புகை என்று சொல்லிப் பார்த்தேன். "ஒனக்குப் பொகை, எங்களுக்கு ஜோதி" என்று சிரித்து, மோர் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

வீட்டுக்குப் போகப் பிடிக்கவில்லை. நேரே பெருநகருக்குப் போனேன். தோழி வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஒரே மூச்சில் கொட்டித் தீர்த்தேன்.

"எங்க அண்ணன் அந்த வேலைக்குத்தான் போவுது, சாரம் கட்ட" என்றாள். "இப்பதான் வந்து சொல்லிச்சி."

"போச்சு போ. ஏறி நின்னு கத்தவா? நம்ம மாமாவுக்கு மேலயே பாக்க முடியாதுடி, எப்படிக் காட்டறது!"

"நம்ம மாமாவா? ஒன் மாமாடி அவரு." கீரைக்காம்பைத் தூக்கிப் போட்டாள். "மேல பாக்க முடியாதுன்னா வுடு. தரையத்தான பாக்கறாரு? கிளிய தரைக்கு எறக்கிடு."

எனக்கு உடனே புரியவில்லை. புரிந்ததும் அவளை உலுக்கிவிட்டேன். சலூன் கண்ணாடி! அவர் நடந்து வரும் வழியில் அதைத் தரையில் மல்லாத்திப் போட்டுவிட்டால்? காலை வெயில் வாசல் வழியாக நேராக உள்ளே வரும், தெருவில் நிற்கத் தேவையில்லை. மண்டபத்துக்குள் ஒருத்தி எங்கள் வீட்டுக் கண்ணாடியை ஏந்தி வெயிலை மேலே திருப்பினால் போதும். குனிந்து வருகிற மாமாவின் காலடியில் தாமரையும் கிளிகளும் இடுப்பில் கை வைத்தவளும் கிடப்பார்கள். மிதிக்கவா முடியும்?

"ஆனா உள்ள யாரு புடிக்கறது? நானு கேமராவ பாக்கணுமே" என்றேன். கேட்ட பிறகுதான் என்ன கேட்கிறேன் என்று உறைத்தது.

அவள் கீரையை முறத்தில் தட்டினாள். "சுண்ணாம்பு தூக்க சித்தாளுங்க உள்ள போவாங்க இல்ல? அவங்களக் கேக்க மாட்டாங்க. நானும் ஒரு கூடையோட வரேன். கூடையில கண்ணாடி."

ஆகவே நாளைக் காலை. காஞ்சிபுரத்தில் வாங்கிய புது ரோல் இருக்கிறது, கேமராவும் வரும். ஆனால் அரிசி கிடையாது, மணல்தான். தேங்காய்க்கு முன் எல்லாம் முடிய வேண்டும். கற்பூரம் கொளுத்திவிட்டால் மறுபடி புகை. காவல்காரரைப் பஸ் நிற்கிற இடத்துக்கு மாமாவை எதிர்கொண்டு அழைத்துவர அனுப்பிவிடலாம், போவார். தூபக்காலை மட்டும் அவர் வருவதற்கு முன் எங்கேயாவது ஒளித்து வைக்க வேண்டும். மடப்பள்ளியில் விறகுக்குப் பின்னால் இடம் இருக்கிறதா என்று விடிந்ததும் முதலில் போய்ப் பார்க்கிறேன்.