சகலை முறுக்கிய ஒரே முறுக்கு

காலையில் கார் ஸ்டார்ட் ஆகவில்லை. சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

வீடியோ பார்த்து நானே சரிசெய்ய இறங்கினேன். பேட்டரி டெர்மினல் வெள்ளையாய் உப்புப் பூத்துப்போய் லொடலொடவென்று இருந்தது. கையாலேயே கழற்றி, வெந்நீர் ஊற்றிச் சுத்தம் செய்து, கையாலேயே மாட்டினேன். இருந்த 'டிக்' சத்தமும் போய்விட்டது.

அந்த நேரம் பார்த்து மனைவியின் அக்கா வீட்டுக்காரர், அதாவது என் சகலை, மல்லாங்கிணற்றிலிருந்து தன் புதுக் காரில் வந்து இறங்கினார். பானட்டுக்குள் எட்டிப் பார்த்து வயரை ஆட்டினார்.

"சகல, இதை ஸ்பானர் போட்டு முறுக்கலையா?"

எனக்குப் பட்டாசு கம்பெனியில் மருந்து கலக்கும் ரூமில் வேலை. பொறி பறக்கும் என்று அங்கே இரும்பே கொண்டுபோக மாட்டோம். அந்தப் பழக்கத்தில் பேட்டரி பக்கமும் ஸ்பானரைக் கொண்டுபோகக் கை வரவில்லை. இதை அவரிடம் எப்படிச் சொல்வது?

அவர் ஸ்பானர் எடுத்து வந்து ஒரே முறுக்குத்தான் முறுக்கினார். கார் உறுமியது.

"காலையில இருந்து நீங்க எம்புட்டு நேரம் நோண்டினீக. அத்தான் ஒரு நிமிசத்துல முடிச்சிட்டாக," என்றாள் மனைவி. எனக்கு வரக்காப்பி கொடுத்தவள் அவருக்குப் பால் காப்பி போடப் போனாள். வீட்டில் பால் இல்லை.

வாங்கப் போனது நான்தான், அதே காரில்.

பாதி வழியில் நின்றுவிடாதா என்று என் காரையே சபித்துக்கொண்டு ஓட்டினேன். கடைசி வரை நிற்கவே இல்லை.

உங்கள் வீட்டுச் சகலைகள் எப்படி?