இடது கண்ணோரத்து எலும்பு

எந்த நாளிலிருந்து வயிறு எரிய ஆரம்பித்தது என்று பெட்டியக்காவைக் கேட்டால் தேதியோடு சொல்வாள். அவளுடைய கொழுந்தன் பெண்டாட்டி அதே மருத்துவக் கல்லூரியில், அதே உடற்கூறு துறையில், அவளுக்கு அடுத்த அறையில் டெக்னீஷியனாக வேலைக்குச் சேர்ந்த நாள் அது. வீட்டில் மாடியில் அவள், கீழே இவள். அங்கே பார்க்கிற முகம் போதாதென்று இனி இங்கேயும் பார்க்க வேண்டும். ஒரே பஸ், ஒரே நிறுத்தம், ஒரே கையெழுத்துப் புத்தகம்.

பெட்டியக்கா என்பது மாணவர்கள் வைத்த பெயர். முதல் வருஷப் பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படிக்க மரப்பெட்டியில் எலும்புகளை எண்ணிக் கொடுப்பதும், திரும்பி வரும்போது எண்ணி வாங்குவதும்தான் அவள் உத்தியோகம். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள். ஆனால் பத்தொன்பது வருஷம் எலும்போடு குடித்தனம் நடத்தினால் யாருக்குத்தான் வராது? கண்ணை மூடிக்கொண்டு காதோரத்துப் பொட்டெலும்பு ஒன்றைக் கையில் வாங்கினால் இடதா வலதா என்று சொல்லிவிடுவாள். பரீட்சைக்கு முதல் நாள் வாத்தியார்களைத் தேடிப் போகாத பிள்ளைகள் அவளுடைய ஜன்னல் முன்னால் வரிசையில் நிற்பார்கள். யாராவது ஒரு எலும்பை நொறுக்கிக் கொண்டு வந்தால் போச்சு, அன்றைக்கு அந்த வராந்தாவே அதிரும். மெல்லிய எலும்பைப் பஞ்சில் வைத்து அமுக்காதே, மேலே எதையும் வைக்காதே என்று அவள் திட்டாத வருஷம் கிடையாது.

அவள் மனதுக்குள் ஒரே ஒரு ஆசை இருந்தது. மண்டையோட்டில் இருபத்திரண்டு எலும்பு. அத்தனையையும் ஒரு கீறல் இல்லாமல் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு பித்தளைக் கம்பியில் நிறுத்தி, முகம் அப்படியே விரிந்து நிற்கிற மாதிரி கண்ணாடிப் பெட்டியில் வைக்க வேண்டும். கீழே ஒரு அட்டையில் தயாரித்தவர் என்று போட்டு அவள் பெயர் இருக்க வேண்டும். ரேஷன் அட்டையிலும் சம்பளப் பட்டியலிலும் தவிர அவள் பெயரை எங்கே எழுதியிருக்கிறார்கள், நீங்களே சொல்லுங்கள். அதற்காகப் பதினோரு வருஷத்துக்கு முன்பே ஒரு மண்டையைப் பார்த்து எடுத்து, பழைய போர்வைத் துணியில் சுற்றி, அலமாரியின் மேல்தட்டில் ஒளித்து வைத்திருந்தாள். நாற்பத்தொன்றாம் நம்பர். இளவயது மனிதருடையது. பல் எல்லாம் இருந்தது. எலும்போடு எலும்பு சேரும் தையல்கள் மூடிக்கொள்ளாமல் தெளிவாக இருந்தன. கிழவர் மண்டையில் தையல் உள்ளுக்குள் ஒட்டிப் போயிருக்கும், பிரிக்கப் பார்த்தால் ஓடுதான் உடையும். இது அவளுக்கு எந்தப் புத்தகமும் சொல்லிக் கொடுத்ததில்லை.

பல வருஷமாகத் துறை கேட்டுக்கொண்டிருந்த கண்ணாடிப் பெட்டி ஒருவழியாக வந்து இறங்கியது. துறைத்தலைவரான பெரிய மேடம் கூப்பிட்டனுப்பினார். பெட்டியக்கா முந்தானையைச் சரிசெய்துகொண்டு போனாள். மேடம் சொன்னது இவ்வளவுதான்: மண்டையைப் பிரித்து நிறுத்துகிற வேலையைப் புதிதாக வந்த பெண் செய்யட்டும், அவள் இதை இரண்டு வருஷம் டிப்ளமோவில் படித்தவள், கேட்கிற ஒத்தாசையை நீங்கள் செய்து கொடுங்கள்.

ஒத்தாசை! நேற்று முளைத்தவளுக்கு இவள் எடுபிடி. அன்று பஸ்ஸில் ஓரகத்தி பக்கத்தில் இடம் பிடித்து வைத்திருந்தும் பெட்டியக்கா பார்க்காத மாதிரி நின்றுகொண்டே வந்தாள். வீட்டில் விஷயம் அவளுக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. வீட்டுக்காரர் செய்தித்தாளை மடித்துக்கொண்டே சொன்னார், “யாரு செஞ்சா என்ன, நம்ம வீட்டுக்குத்தானே பெருமை.” அவருக்குத் தட்டில் போட்டது பாதி தரையில் விழுந்தது. ஏற்கெனவே பிள்ளைகள் கணக்குக்குச் சித்தியைத் தேடி மாடிக்கு ஓடுகின்றன. மாமியார் சின்னவள் துணி மடிக்கிற அழகை வாய் ஓயாமல் சொல்கிறார். சின்னவளோ வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவள் மாதிரி, யார் என்ன சொன்னாலும் சிரித்துக்கொண்டு போவாள். அந்தச் சிரிப்பைத்தான் பெட்டியக்காவால் சகிக்க முடியவில்லை. திருப்பிச் சண்டை போடுகிறவளாக இருந்தால் எப்போதோ ஒரு கை பார்த்திருக்கலாம்.

மறுநாள் சின்னவள் மண்டை கேட்டு வந்தாள். பெட்டியக்கா வேண்டுமென்றே மூன்று கிழட்டு மண்டைகளை எடுத்து மேசையில் வைத்தாள். உடையட்டும், டிப்ளமோவின் லட்சணம் தெரியட்டும் என்று. சின்னவள் ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, தையல் மேல் விரல் நகத்தை ஓட்டினாள். பிடரியின் கீழே இருக்கும் பெரிய துளை வழியாக டார்ச் அடித்து உள்பக்கத்தைப் பார்த்தாள். மூன்றையும் மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, மேல்தட்டில் இருந்த துணி மூட்டையைக் காட்டி அது என்ன அக்கா என்று கேட்டாள். பொய் சொல்ல வாய் வரவில்லை. துணியைப் பிரித்ததும் சின்னவள் மண்டையை இரண்டு கையாலும் ஏந்தித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். யார் இதைத் தேடி எடுத்து வைத்தது என்று கேட்டாள். நான்தான் என்று பெட்டியக்கா வெடுக்கென்று சொன்னாள். பதினோரு வருஷப் பொக்கிஷம் அடுத்த அறைக்குப் போனது.

பிரிக்கிற முறை விசித்திரமானது. மண்டைக்குள் பெரிய துளை வழியாகக் காய்ந்த பட்டாணியைத் திணித்து, துளையைத் தக்கையால் அடைத்து, வாளித் தண்ணீரில் மூழ்க வைப்பார்கள். பட்டாணி ஊறி உப்பும்போது உள்ளிருந்து எல்லாப் பக்கமும் ஒரே சீராக நெருக்கும். சுத்தியாலும் உளியாலும் ஆகாததைப் பட்டாணி செய்துவிடும். பட்டாணி கூடினால் எலும்பு விரிசல் விடும், குறைந்தால் தையல் அசையாது. பெட்டியக்கா போகும்போதும் வரும்போதும் அந்த வாளியை எட்டிப் பார்த்தாள். ஒரு விரிசலாவது விழாதா என்று அவள் வேண்டாத தெய்வம் இல்லை. மறுநாள் காலை மண்டை பூ மாதிரி விரிந்திருந்தது. முகத்து எலும்புகளைச் சின்னவள் வெதுவெதுப்பான தண்ணீரில் கையாலேயே விடுவித்தாள். கறுப்புத் துணி விரித்த தட்டில் இருபத்திரண்டும் வரிசையாகப் படுத்திருந்தன. ஒன்றில்கூட ஒரு மூலை உடையவில்லை. சும்மா சொல்லக் கூடாது, பெட்டியக்காவே செய்திருந்தாலும் இவ்வளவு சுத்தமாக வந்திருக்குமா என்பது சந்தேகம். அந்தச் சந்தேகம் வந்ததுதான் வினை.

மேடம் கூப்பிட்டதால் சின்னவள் பத்து நிமிஷம் வெளியே போனாள். பெட்டியக்கா உள்ளே போனாள். கண்ணின் உட்சுவரில், மூக்கை ஒட்டி, ஒவ்வொரு பக்கமும் ஒரு சின்ன எலும்பு உண்டு. மாணவர்கள் லாக்ரிமல் என்பார்கள், கண்ணீர் எலும்பு. முகத்திலேயே சின்னது அதுதான், சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும், வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரியும். இடுக்கியால் எடுத்தால் நொறுங்கும் என்பதால் விரல் நுனியை ஈரமாக்கி ஒற்றி எடுக்க வேண்டும். பெட்டியக்கா விரலை நாக்கில் தொட்டாள். இடதுபக்கத்து எலும்பை ஒற்றி எடுத்து, காலித் தீப்பெட்டியில் பஞ்சு வைத்து, அதன்மேல் இன்னும் கொஞ்சம் பஞ்சை வைத்து மூடிக் கைப்பைக்குள் போட்டாள். திருட வேண்டும் என்பது அவள் எண்ணம் இல்லை. இரண்டு நாள் காணாமல் போகட்டும், மேடம் சின்னவளை நாலு வார்த்தை கேட்கட்டும், பிறகு இவள் போய்த் தேடிக் கண்டுபிடித்துக் கொடுப்பாள். பெட்டியக்கா கண்ணுக்கு எதுவும் தப்பாது என்று மேடம் வாயாலேயே வர வேண்டும். கணக்கு அவ்வளவுதான்.

சின்னவள் தேடினாள். நசநசத்த பட்டாணியை ஒவ்வொன்றாகப் பிதுக்கிப் பார்த்தாள். வாளித் தண்ணீரை மெல்லிய துணியில் வடிகட்டினாள். தரையைப் பெருக்கி, குப்பையைக் காகிதத்தில் கொட்டி, குனிந்து உட்கார்ந்து பொறுக்கினாள். மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. வீட்டிலும் யாரிடமும் பேசாமல் மாடிக்குப் போனாள். கீழே பெட்டியக்கா அன்று வயிறாரச் சாப்பிட்டாள். பல மாதங்களுக்குப் பிறகு அவளுக்கு அசந்து தூக்கம் வந்தது.

இரண்டாம் நாள் சின்னவள் வீங்கிய கண்ணோடு அவள் ஜன்னல் முன்னால் வந்து நின்றாள். “எனக்குக் கையும் ஓடல காலும் ஓடலக்கா. உங்க கண்ணுக்குத்தான் அது கிடைக்கும். வந்து பாருங்க.” இதற்காகத்தானே காத்திருந்தது. நீ போ, வருகிறேன் என்று சொல்லிவிட்டு, எலும்புக் கிடங்குக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தீப்பெட்டியைத் திறந்தாள்.

உள்ளே எலும்பு இல்லை. நாலைந்து துணுக்கும் கொஞ்சம் தூளும் இருந்தன. கூட்டமான பஸ்ஸில் கைப்பை நசுங்கியிருக்கிறது. பஞ்சை மேலேயும் கீழேயும் வைத்து அமுக்கியவளும், அதன்மேல் சாப்பாட்டு டப்பாவை வைத்தவளும் அவளேதான். பத்தொன்பது வருஷம் ஊரான் பிள்ளைகளை எந்தக் காரியத்துக்காகக் கரித்துக் கொட்டினாளோ அதையே ஒன்று விடாமல் செய்திருந்தாள். நாற்பத்தொன்றாம் நம்பர் மனிதருக்கு இனி ஜென்மத்துக்கும் இடது கண்ணோரம் கிடையாது. கிடங்கில் உதிரி எலும்புகள் போடும் தகர டப்பா ஒன்று உண்டு. அதைக் கவிழ்த்து, கிட்டத்தட்ட அதே நிறத்தில், அதே அளவில் ஒரு இடது லாக்ரிமலைத் தேடி எடுத்தாள். அடுத்த அறைக்குப் போய்ப் பத்து நிமிஷம் தேடுவதுபோல் பாவனை செய்துவிட்டு, கை கழுவும் தொட்டியின் சல்லடைக்கு அடியிலிருந்து எடுத்ததாக நீட்டினாள்.

சின்னவள் முகம் மலர்ந்து போனது. ஈர விரலில் அதை வாங்கி, மேல்தாடை எலும்பின் ஓரத்தில் பொருத்தினாள். பிறகு நெற்றி எலும்பின் ஓரத்தில். ஜன்னல் பக்கம் திரும்பி வெளிச்சத்தில் மறுபடி பொருத்தினாள். மலர்ந்த முகம் கொஞ்சம் கொஞ்சமாகப் பழையபடி ஆனது.

“அக்கா, இது இவரோடது இல்லக்கா. வேற ஒருத்தரோடது.”

எந்த எலும்பு யாருடையது என்பது தன் கையைத் தவிர இந்தக் கட்டடத்தில் வேறு எந்தக் கைக்கும் தெரியாது என்றுதான் பெட்டியக்கா இத்தனை வருஷம் நம்பியிருந்தாள். எல்லாம் ஒன்றுதானே, வைத்துவிடு, யார் பார்க்கப் போகிறார்கள் என்று முணுமுணுத்தாள். சின்னவள் தலையாட்டினாள். இன்னொருவர் எலும்பை இவர் முகத்தில் வைக்க மனம் வரவில்லை, தொலைத்தது தான்தான், தானே மேடத்திடம் சொல்லிவிடுவதாகச் சொன்னாள். சொல்லவும் செய்தாள். மேடத்தின் குரல் வராந்தா முழுக்கக் கேட்டது. கடைசியில், அந்த இடத்தில் கம்பியை மட்டும் வெறுமையாக நிறுத்துவது என்று முடிவானது. பெட்டியக்கா ஜன்னலுக்குப் பின்னால் எண்ணிய பெட்டியையே திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தாள். கேட்க ஆசைப்பட்ட திட்டு அது.

கண்ணாடிப் பெட்டியைத் திறந்து வைத்த நாளில் முதல் வருஷப் பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். மண்டை விரிந்து நின்றது. நெற்றி முன்னால், பிடரி பின்னால், நடுவில் சிறகு விரித்த பறவை மாதிரி ஸ்ஃபீனாய்டு எலும்பு. மேடம் அட்டையை எடுத்துக் கீழே செருகினார். தயாரித்தவர்கள் என்று போட்டு இரண்டு பெயர். முதல் பெயர் பெட்டியக்காவுடையது.

அச்சில் அவள் பெயர் எவ்வளவு கறுப்பாக இருந்தது! அவள் முகத்தைப் பார்த்த மேடம், இதை எழுதிக் கொடுத்தது உங்கள் ஓரகத்திதான் என்றார். மண்டையைக் கையில் வாங்கிய அன்றைக்கே வந்து, இதைப் பதினோரு வருஷம் பார்த்து வைத்தது அக்கா, அவர் பெயர்தான் முதலில் வர வேண்டும் என்று எழுதி வைத்துவிட்டுப் போனாளாம். அன்றைக்கே. அதாவது, பெட்டியக்கா விரலை நாக்கில் தொடுவதற்கு முன்பே.

ஒரு பெண் பிள்ளை கண்ணாடியில் விரலை வைத்து, இடது லாக்ரிமல் எங்கே, கம்பி மட்டும் இருக்கிறதே என்று கேட்டாள். சின்னவள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள்.

“அவ தொலைக்கல,” என்றாள் பெட்டியக்கா. “நான்தான் எடுத்தேன். பொறாமையில எடுத்தேன். என் பையில நொறுங்கிப் போச்சு.”

பெட்டியக்கா கைப்பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்துத் திறந்து மேசையில் வைத்தாள். சின்னவள் குனிந்து பார்த்தாள். ஈர விரலால் ஒரு துணுக்கை ஒற்றி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். கண்ணாடிக்குள் நின்ற வலதுபக்கத்து எலும்போடு அதன் நிறத்தை ஒப்பிட்டுப் பார்த்தாள்.

“ஆமாக்கா,” என்றாள். “இவரோடதுதான்.”

மேடம் அட்டையை உருவிக்கொண்டு போனார். இரண்டு நாளில் புது அட்டை வந்தது. அதில் ஒரு பெயர்தான் இருந்தது. யாருடையது என்று சொல்ல வேண்டியதில்லை. சின்னவள் போய் எவ்வளவோ கேட்டும் மேடம் மாற்றவில்லை. மாற்றச் சொல்லிக் கேட்காதே என்று பெட்டியக்காவே பஸ்ஸில் அவளை அதட்டினாள். இப்போது பக்கத்தில் உட்கார்ந்துதான் வருகிறாள். பொறாமை போய்விட்டதா என்றால், எங்கே போகும்? முன்பு அந்தக் கைவேலையைப் பார்த்து வயிறு எரிந்தது. இப்போது அந்த மனசைப் பார்த்து எரிகிறது.

கண்ணாடியைத் தினமும் துடைப்பது அவள்தான், யாரும் சொல்லி அல்ல. வருஷா வருஷம் புதுப் பிள்ளைகள் வந்து அந்த வெறும் கம்பியைக் காட்டி, இது எங்கே அக்கா என்று கேட்கிறார்கள். துணியை மடித்துக்கொண்டே அவள் ஒரே பதிலைத்தான் சொல்கிறாள்.

“நான் நொறுக்கிட்டேன். நீங்களாவது பஞ்சை அமுக்காம வைங்க.”