எனக்கு மட்டும் வைக்காத தப்பு

வயோலா என்பது வயலினைவிடக் கொஞ்சம் பெரியது, குரலும் கொஞ்சம் கனமானது. இசைக்குழுவில் நல்ல மெட்டெல்லாம் வயலினுக்குப் போய்விடும். நடுவில் கிடக்கும் எடுபிடி வேலையெல்லாம் வயோலாவுக்கு. கோலாலம்பூரில் ஒரு குழுவில் பல வருஷம் நான் அந்த எடுபிடிதான். ஆனால் யாரும் கவனிக்காத இடத்தில் உட்கார்ந்திருப்பதில் ஒரு சௌகரியம் உண்டு. என்ன விஷமம் வேண்டுமானாலும் செய்யலாம்.

என் விஷமத்துக்குக் கூட்டாளி ஒரு கிள்ளான்காரர். நாங்கள் இருவரும் ஒரே ஸ்டாண்டில் நோட்டை வைத்து வாசிப்பவர்கள். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அவரை அண்ணே என்பேன், அவர் நான் இருக்கும் பேட்டையின் பேரை வைத்து என்னை 'ஏய் பிரிக்பீல்ட்ஸ்' என்பார்.

வெளியிலிருந்து எங்கள் இசைக்குழுவை நடத்தப் புது நடத்துநர் யாராவது வந்து குச்சியைத் தூக்கினால், முதல் ஒத்திகையிலேயே நாங்கள் ஒரு தப்பு வைப்போம். எல்லா வாத்தியமும் சேர்ந்து முழங்கும் இடமாகப் பார்த்து ஒரே ஒரு ஸ்வரத்தை அரை ஸ்தானம் ஏற்றி வாசிப்போம். ஒன்றும் அறியாதவர்கள்போல எங்கள் முகத்தில் பால் வடியும். குழுவில் எல்லோருக்கும் விஷயம் தெரியும். வந்தவர் கண்டுபிடித்துவிட்டால் அன்றிலிருந்து அவருடைய குச்சியைப் பார்த்து வாசிப்போம். கண்டுபிடிக்காவிட்டால் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, முதல் வயலின்காரரைப் பார்த்து வாசிப்போம். பட்டுக் கழுத்துக்குட்டையோடு வந்த ஒரு மனிதர், நாங்கள் தப்பு வைத்த அதே இடத்தில் கண்ணை மூடி "ஆஹா" என்றார். சிரிப்பை அடக்கி அடக்கி எனக்கு விலா வலித்தது.

அந்தக் கழுத்துக்குட்டையைப் பார்த்துத்தான் எனக்கு நடத்துநர் ஆசை வந்தது. இவரைவிட நான் நன்றாகச் செய்வேன் என்ற திமிர், வேறென்ன? படித்தேன், பள்ளிக்கூடக் குழுக்களை மேய்த்தேன், எங்கள் குழுவில் துணை நடத்துநர் வேலை காலியானதும் கேட்டுப் போனேன். நிர்வாகம் கறாராகச் சொல்லிவிட்டது: ஒரு ஒத்திகை நடத்து, முடிவில் வாசிப்பவர்கள் கை தூக்கிச் சொல்லட்டும், ஆனால் வயோலா நாற்காலியை இப்போதே விட்டுவிட வேண்டும். விட்டேன். அன்று கைகள் எழாவிட்டால் எனக்குக் குச்சியும் இல்லை, நாற்காலியும் இல்லை.

அம்மா அரசாங்க உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத்து வம்சம், அரசாங்க உத்தியோகம்தான் உத்தியோகம், கேட்க வேண்டுமா?

"வயலினை விட்டுட்டுப் பெரிய வயலினைப் பிடிச்சாய். இப்ப அதையும் விட்டுட்டுக் குச்சியைப் பிடிக்கப் போறியோ? குச்சிக்குப் பென்ஷன் இருக்கோ?"

"வயோலாவுக்கே இல்லையேம்மா."

"அதைத்தான் நானும் சொல்றன்."

அந்த நாள் வந்தது. மேடையில் ஏறினேன். என் பழைய நாற்காலியில் செலாயாங்கிலிருந்து வந்த புதுப் பெண் உட்கார்ந்திருந்தாள். கம்பி வாத்தியக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு: ஒன்றாகத் தொடங்க வேண்டுமென்றால் முன்னால் இருப்பவர் மூக்கால் சுருக்கென்று மூச்சிழுப்பார், எல்லா வில்லும் சேர்ந்து இறங்கும். பழக்கதோஷம், நான் குச்சியை அசைக்க மறந்து மூக்கை உறிஞ்சிவிட்டேன். வயலின்கள் பாய்ந்து தொடங்கின. பின்வரிசையில் பித்தளைக் குழல் ஊதும் ட்ரம்போன்காரர்கள் அசையாத குச்சியையே பார்த்தபடி சிலையாக உட்கார்ந்திருந்தார்கள்.

"பாஸ், மூக்குச் சத்தம் இங்க வரைக்கும் வரல லா!" என்று அங்கிருந்து ஒருவர் எங்கள் ஊர் 'லா' போட்டுக் கத்தினார்.

கூடம் முழுக்கச் சிரிப்பு. எனக்குக் காது சுட்டது. மறுபடி தொடங்கினோம். அதன்பின் என் கண்ணும் காதும் வயோலாப் பக்கமே இருந்தன. இதோ கிள்ளான்காரர் தப்பு வைப்பார், இதோ வைப்பார் என்று காத்திருந்தேன். முழங்கும் இடம் ஒன்று போயிற்று, இன்னொன்றும் போயிற்று, எல்லாம் சுத்தமாக இருந்தது. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. வைத்து, நான்தான் கேட்காமல் விட்டேனோ? அந்தக் கலக்கத்தில் என் தாளம் தள்ளாடியது.

இடைவேளையில் கிள்ளான்காரர் கையில் உருளைக்கிழங்குக் கறி அடைத்த கறிபாப்போடு தேநீர் மேசையருகே நின்றார். நேரே போய் மடக்கினேன்.

"அண்ணே, எங்க வச்சீங்க? எனக்குக் கேக்கவே இல்ல."

"வைக்கல."

"ஏன்?"

"நீ நம்ம பிள்ள லா. பாவம், நாற்காலியும் போச்சு. யாரும் சேட்டை பண்ணாதீங்க, முடிஞ்சதும் கைய தூக்கிடுங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

எனக்கு வந்ததே கோபம்! பாவமாம். அந்தக் கழுத்துக்குட்டைக்குக்கூட வைத்தோம், எனக்கு இல்லையாம்.

"பாவம் பாத்து கைய தூக்கிட்டு, நாளைக்கு முதல் வயலினப் பாத்து வாசிப்பீங்க. எனக்குத் தெரியாதா? அந்தக் கை எனக்கு வேணாம், நீங்களே வச்சுக்குங்க!"

"கத்தாத லா, எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும்!"

அவர் உதட்டில் ஒட்டியிருந்த கறிபாப் தூளைத் துடைத்துக்கொண்டு, ஊதுகுழல்காரர்கள் நின்ற பக்கம் போய்விட்டார்.

இரண்டாம் பாதியில் நான் எதற்கும் காத்திருக்கவில்லை. வயிற்றெரிச்சலில் குச்சி தானாகச் சீராக ஓடியது. மூக்கு வாயைத் திறக்கவில்லை. கடைசிப் பகுதியில் குழு முழுதும் முழங்கியபோது, சோற்றில் கல் கடிபட்டதுபோல ஏதோ ஒன்று நெருடியது. வயோலாவில் இல்லை. என் காது எங்கே இருக்கும் என்று தெரிந்த ஆள் வேறு இடத்தில் அல்லவா வைத்திருக்கிறார்!

குச்சியை இறக்கினேன். எல்லோரும் நின்றார்கள்.

"இரண்டாவது பசூன்," என்றேன். அந்தப் பெரிய மரக்குழலை ஊதுபவர் கோவில் தர்மகர்த்தாபோல் முகம் வைத்திருக்கும் மனிதர், சேட்டையே அறியாதவர். "அது ஜி ஸ்வரம். அரை ஸ்தானம் ஏறின ஜி ஷார்ப் இல்லை." பிறகு வலப்பக்கம் திரும்பாமலே சொன்னேன்: "சொல்லிக்கொடுத்தவர் வயோலாவில் இருக்கிறார்."

வில்கள் ஸ்டாண்டுகளில் தட்டின, பின்வரிசை காலால் தரையைத் தேய்த்தது. இசைக்குழுக்காரர்களுக்கு அதுதான் கைதட்டு. கிள்ளான்காரர் எழுந்து நின்றார்.

"சாரி, மேஸ்ட்ரோ. கேட்டுட்டீங்க."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. குதிக்காமல் இருக்க மேடைக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். ஒத்திகை முடிந்ததும் கைகள் எழுந்தன, ஒன்றுகூடத் தயங்கவில்லை. அத்தனையும் நான் கேட்ட ஒரு ஸ்வரத்துக்காக எழுந்த கைகள். வேலை கிடைத்துவிட்டது.

எல்லோரும் வாத்தியங்களைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார்கள். கிள்ளான்காரர் குனிந்து அந்தச் செலாயாங் பெண்ணின் காதில் ஏதோ சொன்னார். இருவரும் என் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஸ்டாண்டுக்குப் பின்னால் தலையை மறைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். என்னைப் பற்றித்தான். நானும் சிரித்தபடியே இறங்கி ஓடினேன்.

"என்ன அண்ணே? சொல்லுங்க, நானும் சிரிக்கிறேன்."

இருவரும் சட்டென்று நிமிர்ந்தார்கள். புது நடத்துநர்கள் முன்னால் எங்கள் முகத்தில் வடியுமே, அதே பால் அவர் முகத்தில் வடிந்தது.

"ஒண்ணுமில்ல, மேஸ்ட்ரோ."