லிஃப்ட் சொல்லட்டும்

சக்கர நாற்காலி பழுது பார்ப்பவள் என்பதால் அவளுக்குச் சக்கரக்கா என்று பெயர். புருஷன்கூட அப்படித்தான் கூப்பிடுவான். பட்டறை என்றால் ஓர் அறை, ஒரு ஷட்டர், ஒரு நீள பெஞ்சு. நாற்காலியைக் கொடுத்துவிட்டு வந்தவர்கள் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். எழுந்து போக முடியாது, ஆகவே பேசுவார்கள். ஊரில் எந்த லிஃப்ட் ஓடுகிறது, எது நாலு நாளாகக் கிடக்கிறது, எந்தச் சாய்தளத்தின் வாயில் எவன் பைக்கை நிறுத்துகிறான் என்பதெல்லாம் அந்த பெஞ்சில் வந்து சேரும்.

பட்டறைக்கு ஒரு வழக்கம் உண்டு. பழுதுக்கு வரும் நாற்காலியில் ஓர் அட்டை கட்டுவாள். அட்டையில் எண்ணும் கோளாறும் மட்டும்தான். தொழிலுக்கு வந்த புதிதில் பெயர் எழுதி, கீழே ‘இருக்கை நாற்றம், பஞ்சு மாற்றவும்’ என்றும் எழுதியிருந்தாள். அடுத்து வந்தவர் அதை வாய்விட்டுப் படித்தார். பெயருக்குரியவர் இரண்டு வருஷம் அந்தத் தெருப்பக்கமே தலைகாட்டவில்லை. அதிலிருந்து பெயர் இல்லை, எண்தான்.

லிஃப்ட் செய்திக்கென்று போனிலும் ஒரு குழு இருந்தது. பெரிய கம்பெனி ஒன்றின் தளம், எண்பது பேர். ஒருநாள் கம்பெனி தன் இஷ்டத்துக்கு எதையோ மாற்றியது. காலையில் ‘லிஃப்ட் நின்றுவிட்டது’ என்று போட்டால் மறுநாள்தான் கண்ணில் பட்டது. நடுவில் செருப்பு விளம்பரம். குழு இரண்டாக உடைந்தது. பாதிப் பேர் ‘முற்றம்’ போனார்கள். மின்சார மீட்டர் கணக்கெடுக்கும் ஒருவர் தன் வீட்டுக் கணினியில் நடத்தும் தளம் அது. அதுபோல ஆயிரம் சின்ன வீடுகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். மீதிப் பேர் ‘சந்தை’ போனார்கள். அதுவும் எந்தக் கம்பெனி கையிலும் இல்லாததுதான். ஆனால் முற்றத்தில் சொன்னது சந்தையில் கேட்காது. சந்தையில் சொன்னது முற்றத்தில் கேட்காது. இரண்டும் திறந்த வீடு, நடுவில் மட்டும் சுவர்.

சுவருக்கு வாசலாகச் சக்கரக்கா நின்றாள். தினமும் ஷட்டரைத் தூக்குமுன் இங்குள்ளதை அங்கே, அங்குள்ளதை இங்கே தட்டிப் போடுவாள்.

“நாரதர்கூட கலகத்துக்குத்தான் ரெண்டு பக்கமும் போனாரு. நீ லிஃப்டுக்குப் போற” என்பான் புருஷன்.

பதினான்கு மாதம் இப்படி ஓடியது. பிறகு அவளுக்குக் காய்ச்சல் வந்தது. மூன்று நாள் போனைத் தொடவில்லை. நாலாம் நாள் டீச்சர் பட்டறைக்கு வந்தார். கணக்கு டீச்சர், சந்தைக்காரர். பேட்டரி நாற்காலியின் கால்பலகை வளைந்திருந்தது.

“மூணாம் நடைமேடை லிஃப்ட். இறங்கின பிறகுதான் தெரிஞ்சுது. ரயில் போயிடுச்சு. ரெண்டரை மணி நேரம் அங்கேயே கிடந்தேன். அப்புறம் நாலு பேர் தூக்கினாங்க. முதல்ல என்னை, அப்புறம் இதை. ரெண்டுக்கும் ஒரே சத்தம்தான் போட்டாங்க.”

அந்த லிஃப்ட் நின்ற செய்தி முற்றத்தில் முந்தின நாளே இருந்தது.

“காய்ச்சல் டீச்சர்.”

“காய்ச்சல் வரத்தான் செய்யும். அதுக்குத்தான் சொல்றேன். ஊர் லிஃப்டெல்லாம் உங்க ஒருத்தி உடம்பை நம்பியா இருக்கிறது?”

டீச்சர் கோபமாகச் சொல்லவில்லை. சக்கரக்கா கால்பலகையை நிமிர்த்திக்கொண்டே மனதுக்குள் ஒன்றை முடிவு செய்தாள். இனி இது தன் கையில் இருக்கக் கூடாது. தானாக நடக்க வேண்டும்.

மீட்டர்காரரைப் போய்ப் பார்த்தாள். சுவரைத் தாண்டிச் செய்தி கொண்டுபோக யாரோ ஒரு பாலம் எழுதிப் பொதுவில் வைத்திருப்பதாகச் சொன்னார். அதை முற்றத்துக்குள் விடாமல் அடைத்ததும் அவர்தான்.

“ஏன் சார்?”

“இங்க இருக்கிறவங்கள்ல பல பேர் யாருக்கோ பயந்து வந்தவங்க. கேக்காம ஒருத்தர் பேச்சையும் வெளிய விடமாட்டேன்.”

“கேட்டுட்டு வந்தா?”

“நாப்பத்தோரு பேரையுமா?”

“எங்க பெஞ்சுல உக்காந்தா எங்க சார் ஓடிடப் போறாங்க?”

மூன்று வாரம். எண்ணெய் போடுகிறேன் வா, பிரேக் பார்க்கிறேன் வா என்று ஒவ்வொருவராக வரவழைத்தாள். நாற்பது பேர் சரி என்றார்கள். கடைசியாக வந்தவள் ரேடியோ. ஆஸ்பத்திரியில் தொலைபேசி இணைப்புக் கொடுப்பவள். முற்றத்தில் வரும் செய்தியில் பாதி அவளுடையது. பெயரும் அப்படி வந்ததுதான்.

சக்கரக்கா முன்சக்கரத்தைக் கழற்றி, அச்சில் சுற்றியிருந்த தலைமுடியைக் கத்தியால் அறுத்துக்கொண்டிருந்தாள்.

“நீ ஒருத்திதான் பாக்கி.”

“பாக்கியாவே இருந்துட்டுப் போறேன்.”

“ஏண்டி?”

“சந்தைல அவன் இருக்கான்.” அவன் என்றால் அவள் விட்டுவிட்டு வந்த புருஷன். “நான் எத்தனை மணிக்கு எந்த லிஃப்ட் முன்னாடி நிக்கிறேன்னு அவனுக்கு எதுக்குக்கா தெரியணும்?”

கத்தி நின்றது. சொல்லாமல் விட்டிருக்கலாம். ரேடியோவுக்குத் தெரிந்திருக்காது.

“உன் பேரைப் போட்டுத்தான் நான் அங்க எழுதிட்டிருந்தேன், ரேடியோ. ‘ரேடியோ சொன்னது, மூணாம் நடைமேடை, எட்டேகால்’னு. பேர் இருந்தா நம்புவாங்கன்னு.”

ரேடியோ கழன்று கிடந்த சக்கரத்தைப் பார்த்தாள்.

“போன மாசம் ஆஸ்பத்திரி லிஃப்ட்கிட்ட நின்னான். ரெண்டு தடவை. தற்செயல்னு நினைச்சேன்.” பிறகு, “சக்கரத்தை மாட்டு. நான் கிளம்பணும்” என்றாள்.

அன்றைக்கும் மறுநாளும் சக்கரக்கா வேறு வேலை பார்க்கவில்லை. சந்தையில் தான் போட்ட பதினான்கு மாதச் செய்தியையும் ஒவ்வொன்றாக அழித்தாள். ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவர் பெயர் இருந்தது. பட்டறையில் அட்டைக்கு வைத்த ஒழுங்கைப் போனில் மறந்திருந்தாள்.

“விட்டுத் தொலையேன். ஊர்ப் பாரத்தை நீ ஏன் சுமக்கணும்?” என்றான் புருஷன்.

அவள் சுவரோரம் நின்ற நாற்காலிகளைப் பார்த்தாள். பதினேழு, பதினெட்டு, இருபது. யாருடையது என்று அட்டை சொல்லாது. என்ன கோளாறு என்று மட்டும் சொல்லும். சட்டையை மாற்றிக்கொண்டு மீட்டர்காரர் வீட்டுக்குப் போனாள்.

“ஆள் யாரும் பாலத்துல போக வேண்டாம் சார். லிஃப்ட் போகட்டும்.”

ஊரில் அவர்களுக்கு வேண்டியது இருபத்தாறு லிஃப்ட். ஒவ்வொன்றுக்கும் முற்றத்தில் ஒரு கணக்கு, ஓர் ஆளுக்கு இருப்பதுபோல. பார்த்தவர் லிஃப்டிடம் சொல்வார். லிஃப்ட் தன் வாயால் ஊருக்குச் சொல்லும். பாலத்தைத் தாண்டுவது லிஃப்டின் பேச்சு மட்டும்.

“லிஃப்ட்கிட்ட யார் சம்மதம் வாங்கறது?”

“அது மாட்டேன்னா சொல்லுங்க, நான் பேசறேன்.”

மீட்டர்காரர் சிரிக்கவில்லை. யோசித்தார். “எவனாவது பொய் சொன்னா?”

“அடுத்து வர்றவன் பட்டனை அமுக்குவான் சார். லிஃப்ட் எத்தனை நேரம் பொய் சொல்ல முடியும்?”

“சரி. சொன்னவங்க பேரை நானும் சேத்து வைக்க மாட்டேன்.”

பத்து நாளில் செய்து கொண்டுவந்தார். டீச்சரை பெஞ்சில் உட்காரவைத்துப் போனைக் கொடுத்தார்கள். பதிவு செய், கடவுச்சொல் போடு, உறுதி செய், தேடு என்று ஒன்பது படி. டீச்சர் நாலாவதில் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

“படி இருந்தா நாங்க ஏற மாட்டோம்னு உங்களுக்கு யாரும் சொல்லலையா சார்?”

மீட்டர்காரர் காது சிவக்கத் திரும்பிப் போனார். அடுத்த முறை ஒன்பது இரண்டாகியிருந்தது. லிஃப்ட் வாசலில் ஒரு ஸ்டிக்கர். போனைக் காட்டினால் இரண்டு பட்டன் வரும்: ஓடுது, ஓடல. அழுத்தினால் போதும். நீ முற்றமா சந்தையா என்று கேட்காது. அவரவர் இருந்த இடத்திலேயே கேட்டுக்கொள்ளலாம்.

ஸ்டிக்கரை நாற்காலி அட்டையின் அளவுக்கு வெட்டினாள் சக்கரக்கா. இருபத்தாறையும் தானே ஒட்டினாள். மூன்றை யாரோ பிய்த்தார்கள். மறுபடி ஒட்டினாள். நூலகத்தில் ஐந்து தடவை.

ஆஸ்பத்திரியில் ஒட்டிய அன்று ரேடியோவின் அறைக்குப் போனாள். ரேடியோ காதில் ஹெட்போனோடு திரும்பிப் பார்த்தாள்.

“எல்லாத்தையும் அழிச்சுட்டேன். நடந்தது நடந்ததுதான். உன்னைக் கேக்காம செஞ்சேன், தப்பு. சம்மதம் வாங்க வரலை.”

பிறகு ஸ்டிக்கரைப் பற்றிச் சொன்னாள்.

“யார் அமுக்கினாங்கன்னு தெரியாதா?”

“மீட்டர்காரருக்கே தெரியாது.”

“உனக்கு?”

“எனக்கும்தான்.”

ஏதோ அழைப்பு வந்தது. “வணக்கம், ஆஸ்பத்திரி” என்று ரேடியோ திரும்பிக்கொண்டாள். சக்கரக்கா கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

திங்கட்கிழமை காலை போனைக் கையில் வைத்துக்கொண்டு எதுவும் தட்டாமல் இருந்தாள். பழகிய விரல் சும்மா இருக்க மறுத்தது. எட்டேகாலுக்கு முற்றத்தில் வந்தது: “நான் மூணாம் நடைமேடை லிஃப்ட். இன்னைக்கு ஓடல.” சந்தையைத் திறந்தாள். அங்கேயும் அதே வரி.

“என்னைவிட ஒழுங்கா லீவு சொல்லுதே” என்றான் புருஷன், எட்டிப்பார்த்து.

பெயர் இருக்கிறதா என்று அவள் கண் தேடியது. இல்லை. எட்டேகாலுக்கு அங்கே நிற்கக் கூடியவர்கள் பல பேர். யாரென்று அறிய வழியில்லை. அந்த வழியை அடைக்கச் சொன்னவளே அவள்தான். ஷட்டரைத் தூக்கினாள்.

மத்தியானம் டீச்சர் வந்தார்.

“முந்தின ஸ்டேஷன்லயே இறங்கிட்டேன். ஒரு கிலோமீட்டர் கூடுதலா ஓட்டிட்டு வந்தேன். முன்சக்கரம் கிறீச்சுங்குது, என்னன்னு பாருங்க.”

டீச்சரை பெஞ்சுக்கு மாற்றிவிட்டு, சக்கரக்கா ஓர் அட்டையை எடுத்து முப்பத்தொன்று என்று எழுதினாள்.