நிலை வைக்காத மாதம்

எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்தில் தெற்கிலிருந்து கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்திறங்கிய சனத்தில் நானும் ஒருவன். மற்றவர்களுக்கு எரிந்துபோனது கடையும் வீடும். எனக்கு எரிந்தது உடுக்க வைத்திருந்த இரண்டு சாரமும் ஒரு பழைய பையும். அதனால் கப்பலில் எல்லோரும் அழுதபோது என்னால் மற்றவர்களின் பிள்ளைகளைத் தூக்கி வைத்திருக்க முடிந்தது.

நான் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதன்பிறகு பேக்கரியில் நின்றேன், லொறியில் போனேன், கட்டிட வேலைகளில் மண் சுமந்தேன். ஓரிடத்தில் அதிக காலம் நிற்பது எனக்கு ஒத்துவராது. கப்பலால் இறங்கி ஒரு வருடத்துக்குள் மூன்று ஊர்களில் படுத்து எழும்பிவிட்டு, நெல்லியடிப் பக்கம் ஒரு மேசனிடம் கையாளாகச் சேர்ந்தேன்.

மேசன் குருநகர்க்காரர். வேதக்காரர், ஞாயிறு பூசை தவறாத கத்தோலிக்கர். கடலுக்குப் போகத் தடை வந்தபிறகு, முன்பு கோயில் கட்டும்போது பழகிய மேசன் வேலையைத் தேடி வடமராட்சிக்கு வந்திருந்தார். வலை இழுத்த கை என்பதால் கலவை குழைக்கும்போதும் ஏதோ பாட்டுக்கு இழுப்பதுபோலத்தான் குழைப்பார். வாய் சும்மா இராது.

நாங்கள் கட்டியது அரசாங்கம் காசு கொடுத்த வீடுகள். தெற்கில் வீடிழந்து வந்தவர்களுக்கென்று பனங்கூடலை ஒட்டி ஒரு துண்டு நிலத்தைப் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். வரிசையாகச் சில வீடுகள். கடைசி வீடு ஓர் அக்காவுடையது. அவவும் புருசனும் தெற்கில் ஒரு சின்னச் சந்தியில் சைவக் கடை வைத்திருந்தவர்கள். புருசனுக்கு அந்த ஓட்டத்தில் கால் முறிந்து, சரியாகப் பொருந்தாமல், இப்போது கதிரையில் இருந்தபடி மற்றவர்களுக்கு ரேடியோ திருத்திக் கொடுத்துக்கொண்டிருந்தார். இரண்டு பெண் பிள்ளைகள். நாலு பேரும் அதே காணியில் தென்னோலைக் கிடுகு வேய்ந்த கொட்டில் ஒன்றில் இருந்தார்கள். மழைக்கு அந்தக் கொட்டிலில் ஒழுகாத இடம் ரேடியோக்கள் இருந்த மூலை மட்டும்தான். அதை அக்காவே பார்த்து அப்படி வைத்திருந்தா. ஊரார் வீட்டுச் சாமான் நனையக்கூடாது.

வீட்டுக் காசு ஒரேயடியாக வராது. அத்திவாரம் போட முதல் பங்கு. வாசல் நிலை நின்றதும் இரண்டாம் பங்கு. கூரைக்குக் கடைசிப் பங்கு. முன்னொரு காலத்தில் எங்கேயோ முழுக்காசையும் வாங்கி, வீடு கட்டாமல், மகளைக் கட்டிக்கொடுத்த தகப்பன் ஒருவர் இருந்தாராம். அவரால் வந்த சட்டம் என்று, வேலையை மேற்பார்க்க வரும் அரசாங்க ஓவசியர் சொல்லுவார். ஓவசியர் வந்து நிலையைப் பார்த்து எழுதினால்தான் அரசாங்கக் கந்தோரில் காசு கொடுப்பார்கள்.

முதல் பங்கு வரவே ஐப்பசி ஆகிவிட்டது. காசு சித்திரையிலேயே கந்தோருக்கு வந்துவிட்டது என்று எல்லோருக்கும் தெரியும். அது ஏன் அங்கேயே இருந்தது என்பதுதான் ஒருவருக்கும் தெரியாது. மற்ற வீட்டுக்காரர் ஓடித்திரிந்து கார்த்திகைக்குள் நிலை வைத்துவிட்டார்கள். அக்காவும் கார்த்திகைக் கடைசியில் நல்ல நாள் பார்த்து வைத்திருந்தா. அன்றைக்கென்று ஊரடங்கு விழுந்தது. வல்வெட்டித்துறையிலிருந்து தச்சர் நிலையோடு வரமுடியவில்லை. ஊரடங்கு எடுத்து, அவர் நிலையைக் கொண்டுவந்து இறக்கியபோது மார்கழி பிறந்துவிட்டது.

சைவச் சனம் மார்கழியில் நிலை வைக்காது. இதை எங்கள் பக்கத்தில் ஒருவருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஆனால் அரசாங்கத்தின் வருடம் அதே மார்கழியின் நடுவில் முடிகிறது. அதற்குள் கொடுபடாத காசு திரும்பிக் கொழும்புக்குப் போய்விடும். ஓவசியர் மோட்டார் சைக்கிளின் எஞ்சினை நிறுத்தாமலே, ஒரு காலை நிலத்தில் ஊன்றிக்கொண்டு இதைச் சொன்னார்.

“திரும்பிப் போனா வராதோ?” என்று அக்கா கேட்டா.

“போன காசு வந்த கதையை நான் கேள்விப்படேல்லை.”

“அதுக்காக மார்கழியிலை நிலை வைக்கச் சொல்லுறியளோ? உந்த வீட்டிலை பிறகு ஆர் இருக்கிறது? நீங்களோ?”

ஓவசியர் மோட்டார் சைக்கிளின் கைப்பிடியைத் திருகினார். அவரும் சைவக்காரர்தான்.

மேசன் கலவைத் தாச்சியிலிருந்து நிமிர்ந்து, “எங்கடை ஆண்டவர் மார்கழியிலைதான் பிறந்தவர் அக்கா,” என்றார்.

“பிறந்து? வீடு கிடைச்சதோ அவருக்கு?”

“இல்லை. மாட்டுக் கொட்டில்தான்.”

“பாத்தியே! ஆண்டவருக்கே கிடைக்கேல்லை. பேசாமல் கல்லை வை.”

கதிரையில் இருந்த புருசன் சிரித்ததில் அவர் மடியிலிருந்த ரேடியோவின் திருகாணிகள் மண்ணில் சிந்திவிட்டன. நாங்கள் எல்லோரும் குனிந்து தேடினோம். ஓவசியரும் இறங்கி வந்து தேடினார்.

தேடும்போதுதான் ஓவசியர் மெதுவாகச் சொன்னார். தான் நிலை நிற்கிறது என்று எழுதிவிடலாம். ஆனால் இந்த முறை கந்தோர்க் கணக்காளர் நேரில் வந்து பார்க்கப்போகிறார். எங்கோ இல்லாத வீடுகளுக்குக் காசு போயிருக்கிறது; கொழும்பிலிருந்து கேள்வி வந்திருக்கிறது.

அவர் போனபிறகு மேசன் யோசித்தார். அவருக்கு, ஆண்டவர் பிறந்த நத்தார்ப் பண்டிகைக்கு முன்னம் குருநகருக்குப் போயாக வேண்டும்; வீட்டில் எதிர்பார்ப்பார்கள். ஆனால் அக்காவின் வேலையை அந்தரத்தில் விட்டுவிட்டுப் போகவும் மனமில்லை.

“அக்கா, நிலை வைக்க வேண்டாம். தச்சர் கொண்டுவந்த மரத்தை வாசலிலை சாத்தி, ரண்டு தடியாலை முட்டுக் குடுத்து விடுவம். மரம் சாத்தி வைக்கிறதுக்கு ஆரும் நாள் பாக்கிறதோ?”

அக்கா புருசனைப் பார்த்தா. அவர் ரேடியோவைப் பார்த்தார்.

“பூசை இல்லை, பொட்டில்லை, மஞ்சள் இல்லை,” என்றா அக்கா கடைசியில். “கலவையும் போடக்கூடாது. ஒருத்தரும் அதுக்குள்ளாலை போகவும் கூடாது.”

அப்படியே செய்தோம். வேப்பமர நிலை. நானும் மேசனும் தூக்கி நிறுத்தினோம். சுவர் யன்னல் மட்டத்துக்கு வந்து நின்றிருந்தது. அதற்கு நடுவில் அந்த நிலை, சட்டை போடாத ஆளுக்குத் தலைப்பாகை கட்டியதுபோல, உயரமாகத் தனியே நின்றது. தூரத்திலிருந்து பார்க்க நல்ல வேலைபோலத்தான் தெரிந்தது.

கணக்காளர் வந்த அன்று காலையில் மழை விட்டிருந்தது. ஓவசியரின் மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் இருந்து வந்தார். கொக்குவில்காரர், மெலிந்த மனிதர், வெள்ளைக் காற்சட்டை. மற்ற வீடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒவ்வொரு நிலையிலும் கை வைத்து அசைத்துப் பார்த்தார். அசைத்தால் எங்கள் நிலை அவரோடு சேர்ந்து விழும்.

ஆனால் அவர் அசைக்கவேண்டிய தேவையே வரவில்லை. வாசலுக்கு வந்ததும் நின்றுவிட்டார். நிலைக்குக் குறுக்கே, இடுப்பளவில், ஒரு தேங்காய் நார்க் கயிறு கட்டியிருந்தது. நாங்கள் அதைக் கவனிக்கவில்லை. பிள்ளைகள் விளையாட்டாகப் புகுந்து போய்விடுவார்கள் என்று காலையில் அக்கா தானே கட்டியிருக்கிறா.

“உதென்ன கயிறு?” என்றார் கணக்காளர்.

மேசன் என்னைப் பார்த்தார். நான் ஓவசியரைப் பார்த்தேன். ஓவசியர் வானத்தைப் பார்த்தார்.

“ஒருத்தரும் உள்ளுக்கை போகக் கூடாதெண்டு,” என்றா அக்கா. அவவுக்குப் பொய் வராது. கடை வைத்திருந்தபோதும் பழைய வடையைப் பழைய வடை என்று சொல்லியே விற்றவ என்று புருசன் சொல்லியிருக்கிறார்.

பூசை நடக்காத நிலை என்று கணக்காளருக்கு உடனே விளங்கிவிட்டது. நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். பிறகு ஒரு வேலை செய்தார். அதற்காகவே அவரை எனக்கு இன்றைக்கும் பிடிக்கும். செருப்பைக் கழற்றினார். சுவரைச் சுற்றிப் போனார். யன்னலுக்கு விட்டிருந்த இடைவெளியில் ஏறி, வெள்ளைக் காற்சட்டையெல்லாம் சீமெந்து பட, உள்ளே குதித்தார். உள்ளே நின்று முட்டுத் தடிகளைப் பார்த்தார்.

“இது நிலை வைச்ச வீடில்லை, தங்கச்சி.”

“ஓம் ஐயா. இல்லை.”

“பிறகேன்?”

“நீங்கள்தானே ஐயா கேட்டனீங்கள். எங்களுக்குத் தையிலை வைச்சாலும் ஒண்டுதான்.”

அக்கா கொட்டிலுக்குப் போய்ப் பனங்கட்டியோடு தேத்தண்ணி கொண்டுவந்து, அதே யன்னல் இடைவெளியால் அவருக்குக் கொடுத்தா. அவர் உள்ளே ஒரு கல்லில் இருந்தார். கூரையில்லாத வீட்டுக்குள் ஒரு கணக்காளர், வெளியே நாங்கள். அக்கா யன்னல் கட்டின்மேல் இரண்டு முழங்கையையும் ஊன்றிக்கொண்டா.

“ஐயா, ஒரு கதை கேக்கிறன், கோவிக்கக் கூடாது. சித்திரையிலை வந்த காசு. ஐப்பசி மட்டும் உங்கடை கந்தோரிலை என்ன செய்தது?”

ஓவசியர் இருமினார். கணக்காளர் தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்துவிட்டுத்தான் சொன்னார்.

“ஒண்டும் செய்யேல்லை. அதுதான் பிழை.”

“ஆரும் எடுத்தவையோ?”

“எடுத்திருந்தா எனக்குச் சுகம், பிள்ளை. ஆளைப் பிடிச்சிருப்பன். வீட்டுக்குக் காசு வந்தது. ஓவசியர் வந்து நிலம் அளந்து குடுக்க வேணும். அவருக்குப் பெற்றோலுக்குக் காசு இல்லை. அது வேறை திணைக்களத்தின்ரை காசு. நாங்கள் எழுதினம். அவை பிரதேசக் கந்தோரைக் கேட்டினம். பிரதேசம் எங்களைக் கேட்டுது. வீட்டுக் காசிலை பெற்றோல் அடிக்க ஏலாது. அடிச்சிருந்தா நான் இப்ப மறியலிலை கம்பி எண்ணிக்கொண்டிருப்பன்.”

“நாங்கள் பெற்றோல் வாங்கித் தந்திருப்பமே!” என்றார் புருசன் கதிரையிலிருந்து.

“அது லஞ்சம்,” என்றார் ஓவசியர்.

“சைக்கிள்?” என்றார் மேசன். “சைக்கிளிலை வந்திருக்கலாமே, ஓவசியர்? நெல்லியடி என்ன அமெரிக்காவிலையோ கிடக்கு?”

ஓவசியரின் முகம் சிவந்தது. கணக்காளர் அவரைப் பார்த்தார், பிறகு தன் சீமெந்துக் காற்சட்டையைப் பார்த்தார், பிறகு சிரித்தார். நல்ல சிரிப்பு. “நானும் அதை யோசிக்கேல்லை,” என்றார். “ஏழு மாசமாக் கடிதம் எழுதினம். சைக்கிளை யோசிக்கேல்லை.”

அந்த மனிதர்மேல் அக்காவுக்கு இருந்த கோபம் அந்த இடத்தில் போய்விட்டது என்று நினைக்கிறேன். ஆனால் கேள்வி போகவில்லை. “எங்கடை காசு திரும்பிப் போகுமோ ஐயா?”

“நிலை நிக்குது எண்டு எழுத மாட்டன். நான் பாத்ததைத்தான் எழுதலாம்.” அவர் எழும்பி, வந்த வழியாகவே யன்னலால் வெளியே வந்தார். அக்கா கை கொடுத்தா. “ஆனாப் பிந்தினது நாங்கள். அதையும் எழுதத்தான் வேணும். வாக்குத் தரேலாது, தங்கச்சி. கேட்டுப் பாக்கிறன்.”

அவர்கள் போனபிறகு மேசன் முட்டுத் தடிகளைத் தட்டி நிலையைப் படுக்கவைத்துக் கிடுகால் மூடினார். கயிற்றை அக்கா அவிழ்த்துச் சுருட்டிக் கொட்டிலுக்குள் வைத்தா. “நான் கட்டாமல் விட்டிருந்தா...” என்று தொடங்கினா.

“ஆட்டிப் பாத்திருப்பார், தலையிலை விழுந்திருக்கும்,” என்றார் மேசன். “கணக்காளரைக் கொண்ட வீடெண்டு பேர் வந்திருக்கும். கயிறு நல்லதுக்குத்தான்.”

மேசன் நத்தாருக்குப் போனார். நான் போக இடமில்லாமல் அங்கேயே நின்றேன். அப்படி ஓரிடத்தில் வேலையும் இல்லாமல், போகவும் மனமில்லாமல் நின்றது எனக்கு முதல்தடவை. மழையில் கொட்டில் ஒழுகியது. நான் ரேடியோ மூலைக்குப் பக்கத்தில் சுருண்டு படுத்தேன். பிள்ளைகள் இருவரும் காலையில் திருவெம்பாவைக்குக் கோயிலுக்குப் போய்ப் பிரசாதம் கொண்டுவருவார்கள்; அதில் என் பங்கு எப்போதும் இருந்தது. காசு என்னவாயிற்று என்று ஒருவரும் கதைக்கவில்லை. வருட முடிவும் கடந்துபோயிற்று. கந்தோரிலிருந்து ஒரு சத்தமும் இல்லை.

தைப்பொங்கலுக்குப் பிறகு நாள் பார்த்தார்கள். காசு வந்தாலும் வராவிட்டாலும் நிலை வைப்பது என்று அக்கா முடிவெடுத்திருந்தா. மேசன் தன்வீட்டு நத்தார்க் கேக்கில் மிச்சத்தைக் கடதாசியில் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். மாவிலை, மஞ்சள், பூ எல்லாம் கட்டி, ஐயர் வந்து, நானும் மேசனும் தூக்கி நிறுத்தி, இந்த முறை கலவை போட்டு இறுக்கினோம். தீபம் காட்டி முடிகிற நேரத்தில், வீட்டுக்கு வரும் மண் ஒழுங்கையில் சைக்கிள் மணி கேட்டது. ஒரு சைக்கிளில் கணக்காளர். பின்னால் இன்னொரு சைக்கிளில், மூச்சு வாங்கிக்கொண்டு, ஓவசியர்.

கணக்காளர் வந்து நிலையில் கை வைத்து அசைத்துப் பார்த்தார். அசையவில்லை.

“காசு போகேல்லை,” என்றார். “என்ரை கையெழுத்திலை மறிச்சு வைச்சிருக்கிறன். கொழும்புக்குப் போன் எடுத்துக் கேட்டனான். அங்கை இருக்கிற பெரியவர் சிங்களவர். முதலிலை கத்தினார். பிறகு, நிலை வைக்கிறதுக்கு மாதம் சரியில்லை, சனம் வைக்காதெண்டு சொன்னன். பிறகு சொல்லுறார், ‘எங்கடை வீட்டிலையும் நேரம் பாக்காமல் நிலை வைக்க விடாயினம், மறிச்சு வையுங்கோ’ எண்டு.”

புருசன் கதிரையிலிருந்து கைதட்டினார். தெற்கில் தன் கடைக்கு நிலை வைத்தபோது நேரம் குறித்துத் தந்தது பக்கத்துச் சிங்களக் கடைக்காரர்தான் என்று சொன்னார். அதை அவர் அதற்குமுன் சொன்னதே இல்லை. சொல்லிவிட்டு ஒரு ரேடியோவை எடுத்துத் திருகத் தொடங்கினார்.

“இனி உள்ளுக்கை போகலாமோ?” என்று கணக்காளர் செருப்பைக் கழற்றியபடி கேட்டார்.

“வாங்கோ ஐயா. இண்டைக்கு வாசலாலை வாங்கோ,” என்றா அக்கா.

அவர் குனிந்து, வலது காலை வைத்து உள்ளே போனார். பின்னால் மேசன் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு போனார். அக்கா எல்லோருக்கும் பொங்கல் கொடுத்தா. கணக்காளர் போன முறை இருந்த அதே கல்லில் இருந்து, முதல் வாயை வைக்கும்வரை அக்கா பொறுத்திருந்தா.

“ஐயா, உங்களிட்டை இன்னொண்டு கேக்க வேணும்.”

“கேளுங்கோ.”

“எங்கடை ஒழுங்கைக்குக் கல்லுப் போடப் போன வருசம் காசு வந்ததாம். அது எங்கை கிடக்கு?”

கணக்காளர் ஓவசியரைப் பார்த்தார். ஓவசியர் தலையைக் குனிந்து, பொங்கலில் முந்திரிகை தேடத் தொடங்கினார்.