எல்லாம் ஒரிஜினல்

கார்க் கதவைத் திறக்கிறார். சட்டைப் பையிலிருந்து விரல் அகலத்தில் ஒரு நீலத் தாளை எடுத்து, கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவில் வைத்துச் சாத்துகிறார். பிறகு, தூங்குகிற குழந்தையின் கையிலிருந்து பொம்மையை உருவுவதுபோல, தாளை மெல்ல இழுக்கிறார். வர மறுத்தால் முகம் மலர்கிறது. வழுக்கிக்கொண்டு வந்துவிட்டால், "கடி சரியில்லீங்க" என்கிறார். காரை விற்க வந்தவர் பதறிப்போய், நாய் எங்கே என்று திரும்பிப் பார்க்கிறார்.

அவர் பல்செட் செய்பவர். மருந்துக் கடைக்கு மேலே மாடியில் ஒரே அறை. சன்னல் விளிம்பிலும் அவர் காதுமடலிலும் எப்போதும் அச்சு வார்க்கும் வெள்ளைத் தூள். பல் டாக்டர்கள் அனுப்பும் வாய் அச்சுகள் எண் ஒட்டப்பட்டு அலமாரியில் வரிசையாக இளிக்கின்றன. எண் வரும், ஆள் வருவதில்லை. செய்து முடித்த செட்டின் மேல்வரிசைக்கும் கீழ்வரிசைக்கும் நடுவே நீலத் தாளை வைத்துத் தட்டிப் பார்ப்பார். எங்கே நீலம் அழுத்தமாக ஒட்டுகிறதோ அங்கே மேடு, ராவிவிட வேண்டும். மேலும் கீழும் சீராகப் பொருந்தினால் கடி சரி. இருபத்தாறு வருடங்களாகத் தெரிந்த வித்தை இது ஒன்றுதான். அதை வைத்தே உலகத்தை அளக்கிறார். தத்துவம் எழுதியவர்களில் பலரும் செய்தது இதைத்தான். என்ன, அவர்களிடம் நீலத் தாள் இருக்கவில்லை.

கார் அவருக்கு அல்ல. அவருக்கு ஓட்டவே தெரியாது. மனைவி ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் பதினெட்டு வருடம் துணி எண்ணி, சென்ற மாதம்தான் மேற்பார்வையாளர் ஆனாள். அதே மாதம் சலவைப் பிரிவை ஊர்க்கோடியில் ஒரு புதுக் கட்டடத்துக்கு மாற்றிவிட்டார்கள். காலை ஆறு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். முதல் பஸ் கிளம்புவதே ஆறு மணிக்குத்தான். ஒன்றாம் தேதிக்குள் வண்டி இல்லையென்றால் அந்த நாற்காலி அடுத்தவருக்கு. சேமிப்பு ஒரு பழைய காருக்குத்தான் காணும். அது நடுவழியில் நிற்கிற வண்டியாக அமைந்துவிட்டால் வேலையும் அங்கேயே நிற்கும்.

இதெல்லாம் தெரிந்தும் பத்து வண்டிகளை வேண்டாம் என்றார். புதுசுபோல மினுக்கிய வண்டியை ஏறிட்டும் பார்க்கவில்லை. "பொய்ப்பல்லுதான் பளபளக்கும். இத்தனை வருஷமா பொய் செஞ்சு பிழைக்கிறவன், எனக்குத் தெரியாதா?" உண்மையில் அவர் செய்கிற பொய் பளபளப்பதில்லை. ஈறோரம் கொஞ்சம் மஞ்சள் சேர்ப்பார். ஒரு பல்லில் மயிரிழைக் கீறல் போடுவார். மேல்வரிசையில் இடப்பக்கம் இரண்டாவது பல்லை, கூட்டத்தில் தோளைச் சாய்த்து நுழைகிற ஆளைப்போல, இம்மியளவு உள்ளே திருப்பி வைப்பார். எப்போதும் ஏன் அதே பல் என்று கேட்க அந்த அறையில் யாரும் இல்லை. குறையையும் செய்து வைக்கலாம் என்று தெரிந்தவர் என்பதால், அடிபட்ட வண்டியையும் அவரால் நம்ப முடியவில்லை. "அடிகூட அளவா பட்டிருக்கு பாருங்க. யாரோ யோசிச்சுப் பண்ணியிருக்கான்."

கூட வந்துகொண்டிருந்த மெக்கானிக் ஏழாவது வண்டியோடு கும்பிடு போட்டுவிட்டார். "நீங்க தேடுறது பழைய கார் இல்ல சார், கடவுளை. அவர் விலைக்கு வந்ததும் சொல்லி அனுப்புங்க, வர்றேன்."

பத்தாவது வண்டியை விட்டுவிட்டு வந்த அன்று அவரே சொன்னார்: "நானே ஒரு பழைய வண்டியா வந்து நின்னா, என்னை நான் வாங்கமாட்டேன். மேல பெயிண்ட் போச்சு. மேடு ஏறினா மூச்சு வாங்குது. ஒரே ஒரு நல்லது, ஆரம்பத்திலேருந்து ஒரே ஓனர்."

"அந்த ஓனர் வித்துடலாமான்னுதான் யோசிச்சுக்கிட்டிருக்கா" என்றாள் மனைவி.

ஒன்றாம் தேதிக்கு நான்கு நாள் இருக்கும்போது பதினோராவது வண்டி கிடைத்தது. ஓய்வுபெற்ற நில அளவையாளர் ஒருவருடையது. பார்வை மங்கிவிட்டதால் விற்கிறார். சாம்பல் நிறம், பதினான்கு வயது. மூன்று கதவுகள் தாளைக் கவ்விப் பிடித்தன. நான்காவது, ஓட்டுகிறவர் பக்கத்துக் கதவு, கேட்டதும் கொடுத்துவிட்டது.

"இந்தக் கதவு மாத்தினதுங்களா?"

"சேச்சே! எல்லாம் ஒரிஜினல்." அளவையாளர் வாய்விட்டுச் சிரித்தார். "வண்டியும் சரி, என் பல்லும் சரி. எழுபத்திரண்டு வயசாகுது, ஒண்ணுகூட ஆடினதில்ல."

மேல்வரிசை, இடப்பக்கம், இரண்டாவது பல். இம்மியளவு உள்ளே திரும்பியிருந்தது.

இருபத்தாறு வருடங்களில் தான் செய்த பல் ஒரு வாயில் சிரித்து அவர் பார்த்ததில்லை.

ஒரே மூச்சில் இரண்டு பொய் சொன்ன ஆள். இதில் கால்வாசிக் குற்றத்துக்குப் பத்து வண்டிகளை விட்டவர், இதையும் விட்டு நடந்திருக்க வேண்டும். அவரோ ஒரு அடி முன்னால் வந்து, "கெட்டியானதெல்லாம் கடிக்க முடியுதுங்களா?" என்று கேட்டார்.

"நிலக்கடலையைத் தோலோட குடுங்க, உடைச்சுக் காட்டுறேன்."

"ஓரத்துல எங்கேயாவது உறுத்துதா?"

"என் பல்லு என்னை ஏன் உறுத்தப்போகுது?"

மனைவி அவர் விலாவில் இடித்தாள். "ஏங்க, நாம கார் பார்க்க வந்தோம்." பிறகு அளவையாளரிடம் திரும்பினாள். "ஆயில் எப்பெப்ப மாத்துனீங்க சார்?"

அவர் உள்ளே போய் ஒரு நீள நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். பதினான்கு வருடமும் எறும்பு ஊர்வதுபோன்ற எழுத்தில் இருந்தன: ஆயில், டயர், பேட்டரி, ஒவ்வொன்றுக்கும் தேதி, ஓடிய தூரம். ஒன்பதாம் வருடப் பக்கத்தில் மனைவியின் விரல் நின்றது. 'எதிர்வீட்டு கேட் மோதி ஓட்டுநர் பக்கக் கதவு நசுங்கியது. வேறு வண்டியின் கதவு பொருத்தப்பட்டது.' வாயால் பொய் சொல்லப் பழகியவருக்குக் கையால் சொல்ல வரவில்லை. அவள் அந்த வரியைக் கணவரிடம் காட்டிவிட்டுப் புத்தகத்தை மூடினாள். பெரியவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. சாவியை வாங்கி, தானே தெருவை நாலு சுற்றுச் சுற்றி வந்தாள்.

மறுநாள் மெக்கானிக் கையைக் காலைப் பிடித்து வரவழைக்கப்பட்டார். வண்டிக்கு அடியில் அரைமணி நேரம் படுத்திருந்துவிட்டு வெளியே வந்தார். "இன்ஜின் கல்லு மாதிரி இருக்கு, கண்ணை மூடிக்கிட்டு வாங்குங்க. கதவு மட்டும் வேற. ஆனா மாட்டினவன் கைகாரன் சார்."

"பல்லும்தான்" என்றார் பல்செட்காரர். மெக்கானிக்குக் காதில் விழவில்லை.

பணத்தைக் கொடுத்துவிட்டு, அந்தக் கதவின் ஓரத்துக்குப் புது ரப்பர் வாங்கக் கடைத்தெருவுக்கு நடந்தார்கள். மனைவியின் நாக்கு உதட்டுக்குள் எதையோ தடவிக்கொண்டே வந்தது.

"அந்தப் பெரியவர் வாயில இருக்கிறது என் பல்லுதானே?"

அவர் எதிர்க்கடைப் பலகையை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"எத்தனை பேருக்குக் குடுத்திருக்கீங்க?"

"டாக்டர் ஒண்ணும் சொல்லாம விட்டா… எல்லாருக்கும்தான்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"சொன்னா, கோணப் பல்லுன்னு சொல்றேன்னு நினைப்பே."

"கோணல்தானே?"

"இம்மிதான். வேற எப்படி வச்சாலும் பொய்ப்பல்லு மாதிரியே தெரியுது."

ஒன்றாம் தேதி, காலை ஐந்தே கால். ஓட்டுகிறவர் பக்கத்துக் கதவுக்கு முந்தின நாளே ரப்பர் ஒட்டியிருந்தார். அப்படியும் நீலத் தாளை வைத்துச் சாத்தி, இழுத்து, மறுபடி சாத்தினார். "வழி விடுங்க, உங்க கடி தாங்கல" என்று அவரைத் தள்ளிவிட்டு அவள் ஏறி உட்கார்ந்தாள். சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டாள். பின்னால் வருகிற வண்டியைப் பார்க்கும் கண்ணாடியைத் தன் முகத்துக்கு நேரே திருப்பினாள். மேலுதட்டை ஒரு விரலால் தூக்கி, அந்த ஒரு பல்லைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கண்ணாடியை அதன் இடத்துக்குத் திருப்பிவிட்டு, வண்டியைக் கிளப்பினாள்.